முள் கால் டேங்க் காட்டும்போதே பெட்ரோல் தீர்ந்துவிடுகிறது: மீட்டர் பழுதா, மிதவை பழுதா?

கேள்வி

வணக்கம். முப்பது ஆண்டுகளைத் தாண்டிய பழைய கார் ஒன்றை வைத்திருக்கிறேன். கார்புரேட்டர் வகை எஞ்சின். பெட்ரோல் பம்பும் எஞ்சினோடு இணைந்து இயங்கும் பழைய மெக்கானிக்கல் பம்ப்தான். சில மாதங்களாக இதில் இரண்டு தொல்லைகள்.

முதலாவது, பெட்ரோல் மீட்டரின் முள் கால் டேங்க் கோட்டுக்குக் கீழே இறங்குவதே இல்லை. முள் அங்கேயே நின்றுகொண்டிருக்க, வண்டி பெட்ரோல் இல்லாமல் நின்றுவிடுகிறது. இரண்டு முறை கேனைத் தூக்கிக்கொண்டு நடந்தாயிற்று. முழுவதும் நிரப்பினால் மட்டும் முள் சரியாக மேல் கோட்டில் போய் நிற்கிறது. கடைசியாக வறண்டு நின்றபோது நிரப்பியதில் 38 லிட்டருக்கு மேல் ஏறவில்லை. கையேடு 45 லிட்டர் என்கிறது. ஏழு லிட்டர் அடியில் தங்கிவிடுகிறது, உறிஞ்சு குழாய் ஒடிந்திருப்பதால் அது எட்டவில்லை, ஆகவே முள் காட்டுவது உண்மைதான் என்று ஒரு மெக்கானிக் கூறினார்.

இரண்டாவது, ஒரே வேகத்தில் நாற்பது நிமிடம் போல ஓட்டினால் எஞ்சினின் இழுவை குறைந்து, திணறி, அணைந்துவிடுகிறது. கால் மணி நேரம் கழித்து ஸ்டார்ட் செய்தால் ஒன்றும் நடவாததுபோல ஓடுகிறது. டேங்க் பாதிக்கு மேல் இருக்கும்போதும் இது நிகழ்கிறது. இரண்டுக்கும் தொடர்பு உண்டா? எங்கிருந்து தொடங்குவது?

மறுமொழி 1

பழைய வண்டிகளில் பெரும்பாலும் எர்த் கோளாறுதான். டேங்க்கையும் பாடியையும் இணைக்கும் ஒயரின் முனையைத் துருப்பிடித்த இடத்திலிருந்து கழற்றி, உப்புத்தாளால் தேய்த்து, மீண்டும் முடுக்கிப் பாருங்கள்.

மறுமொழி 2

எர்த்தைச் சுத்தம் செய்வதில் தவறில்லை. ஆனால் இந்த அறிகுறிக்கு அது பொருந்துமா என்பது உங்கள் மிதவை யூனிட்டின் (டேங்க்குக்குள் மிதவை ஏறி இறங்குவதற்கேற்ப மின்தடையை மாற்றி மீட்டருக்கு அளவைச் சொல்லும் கருவி) வகையைப் பொறுத்தது. காலியாக இருக்கும்போது 240 ஓமும் நிறைந்திருக்கும்போது 33 ஓமும் காட்டும் யூனிட்டில், எர்த் கெட்டால் மின்தடை கூடி முள் இருப்பதைவிடக் குறைவாகத்தான் காட்டும். காலிக்கு 0, நிறைவுக்கு 90 ஓம் என்ற எதிர்த்திசை வகையில்தான் அதே கோளாறு முள்ளை மேலே தூக்கும். எனவே முதலில் கையேட்டில் வகையைப் பாருங்கள்.

அடுத்து, பின் இருக்கைக்கு அடியில் யூனிட்டின் ஒயர் பிரியும் இணைப்பைக் கழற்றிச் சாவியைத் திருப்புங்கள். 240–33 வகையானால் முள் அடிக்கோட்டுக்கு இறங்க வேண்டும். மீட்டர் பக்க ஒயரைப் பாடியில் தொட்டால் மேலேற வேண்டும். தொட்டபடியே வைத்திருக்க வேண்டாம். பழைய மீட்டர்கள் பலவும் சூடேறி வளையும் இருஉலோகப் பட்டையால் இயங்குபவை. அதிக நேரம் முழு மின்னோட்டம் பாய்ந்தால் அவை பாழாகும். பெட்ரோல் ஆவி இருக்கும் இடத்தில், குறிப்பாக டேங்க்கின் வாயருகே, இந்தச் சோதனையைச் செய்யவே கூடாது. வெப்பநிலை முள்ளும் சேர்ந்து தவறாகக் காட்டுகிறதா என்றும் கவனியுங்கள். இரண்டும் சேர்ந்து ஏறினால் டேங்க்கை விட்டுவிட்டு, டேஷ்போர்டுக்குப் பின்னால் இரண்டு மீட்டருக்கும் பொதுவாக மின்சாரம் தரும் வோல்டேஜ் ஸ்டெபிலைசரைப் பார்க்க வேண்டும்.

பித்தளை மிதவையில் ஊசித்துளை விழுந்து உள்ளே பெட்ரோல் புகுவது வழக்கமான கோளாறு. ஆனால் அப்படி மூழ்கிய மிதவை குறைவாகக் காட்டுமே தவிர, கூடுதலாகக் காட்டாது.

எஞ்சின் அணைவது வேறு சங்கதி. மீட்டர் எவ்வளவு பொய் சொன்னாலும் அதனால் எஞ்சின் நிற்காது. டேங்க்குக்குக் காற்றுப் போகும் வழி அடைபட்டிருக்கலாம். சூட்டில் குழாய்க்குள் பெட்ரோல் ஆவியாகிப் பம்ப் திணறலாம். இக்னிஷன் காயிலும் சூடேறிச் சோர்ந்துபோகும். அடுத்த முறை அணைந்தவுடன், ஆறும்வரை காத்திராமல், டேங்க் மூடியைத் திறந்து பாருங்கள். இரண்டு தொல்லைகளையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்ள வேண்டாம் என்பது என் கருத்து.

கேட்டவர்

நன்றி. கையேட்டின்படி 240–33 வகைதான். இணைப்பைக் கழற்றியதும் முள் அடிக்குப் போயிற்று, தொட்டதும் மேலே ஏறியது. வெப்பநிலை முள் ஒழுங்காக இருக்கிறது. பேட்டரியின் இணைப்பைக் கழற்றிவிட்டுத் திறந்த வெளியில் டேங்க்கை வடித்தேன். ஒரு தம்ளர் அளவுகூடத் தேறவில்லை. ஆகவே ஏழு லிட்டர் கதை பொய். யூனிட்டைக் கழற்றி மல்டிமீட்டரில் வைத்து, மிதவைக் கையை மெல்ல அசைத்தேன். கீழே 238, மேலே 34. நடுவில் எங்கும் அறுபடாமல் சீராக மாறியது. மிதவையைக் காதருகே வைத்துக் குலுக்கினேன், உள்ளே ஒன்றும் களகளக்கவில்லை. திரும்ப டேங்க்கில் பொருத்தினால், டேங்க் வறண்டிருக்கும்போதே 150 ஓம் காட்டுகிறது. வெளியே உண்மை பேசும் யூனிட் உள்ளே போனதும் ஏன் பொய் பேசுகிறது?

இரண்டாவது சோதனையையும் நேற்று செய்தேன். எஞ்சின் அணைந்ததும் மூடியைத் திருகினேன். நீண்ட மூச்சிழுப்பதுபோல் ‘உஸ்’ என்று காற்று உள்ளே போயிற்று. உடனே பின்னாலிருந்து தகர டின் நிமிர்வதுபோல் ‘டொம்’ என்று ஒரு சத்தம். வண்டியும் உடனே ஸ்டார்ட் ஆகிவிட்டது.

மறுமொழி 3

அந்த ‘டொம்’ சத்தத்தில்தான் விடை இருக்கிறது என்று நினைக்கிறேன். மூடியை எப்போதாவது மாற்றினீர்களா? உங்கள் வண்டியின் காலத்து டேங்க்குகள் பலவற்றில் மூடியிலேயே காற்றுத்துளை இருக்கும். துளையில்லாத மூடியைப் போட்டால், பம்ப் உறிஞ்ச உறிஞ்ச உள்ளே வெற்றிடம் கூடி, வெளிக்காற்றின் அழுத்தம் தகடுகளை உள்நோக்கித் தள்ளும். அகலமான தட்டைத் தகடுதான் முதலில் வளையும்; மடித்துப் பற்றவைத்த விளிம்பும் மூலையும் அசையாமல் நிற்கும்.

ஒரு மரக்குச்சியை யூனிட் துளை வழியே இறக்கி, துளை விளிம்பிலிருந்து அடித்தகடு வரை அளந்து பாருங்கள். யூனிட்டை வெளியே பிடித்துக்கொண்டு, கை முழுதும் தொங்கும்போது மிதவையின் அடி எவ்வளவு கீழே போகிறது என்றும் அளந்து, இரண்டையும் ஒப்பிடுங்கள்.

கேட்டவர்

அளந்தேன். மிதவை 20 சென்டிமீட்டர் வரை இறங்க வேண்டும்; ஆனால் குச்சி 16 சென்டிமீட்டரிலேயே தட்டிவிடுகிறது. வண்டிக்கு அடியில் படுத்துப் பார்த்தபோது, டேங்க்கின் அடித்தகடு நடுவில் கவிழ்த்த தாம்பாளம்போல் மேல்நோக்கிக் குழிந்திருப்பதைக் கண்டேன். இத்தனை நாள் அதை டேங்க்கின் வடிவம் என்றே நினைத்திருந்தேன். மூடியைப் பொறுத்தவரை, பழையது தொலைந்துபோனதால் ஏறத்தாழ ஓர் ஆண்டுக்கு முன் அளவில் பொருந்தியதை வாங்கிப் போட்டேன். அதில் துளை இல்லை.

மறுமொழி 3

அப்படியானால் கணக்கு நேராகிவிட்டது. மிதவை, மேலெழுந்த தகட்டின் மீது உட்கார்ந்துகொண்டு கால் டேங்க் என்கிறது. உறிஞ்சு குழாய் வளையாத மூலையில் இருக்க வேண்டும், அதனால்தான் கடைசிச் சொட்டுவரை அது உறிஞ்சுகிறது. காணாமற்போன ஏழு லிட்டர் பெட்ரோல் அல்ல, இடம்.

மறுமொழி 2

இரண்டும் தனித்தனி என்று நான் அடித்துச் சொன்னது தவறு. ஆயினும் ஓர் எச்சரிக்கை. காற்றை ஏற்றித் தகட்டை நிமிர்த்தலாம் என்று யாரேனும் சொல்வார்கள். செய்யாதீர்கள், பற்றவைப்பு வெடித்து விரியக்கூடும். வடித்த டேங்க்கில் நெருப்பு வைத்து வேலை செய்வது அதைவிட மோசம். ஆவியும் காற்றும் கலந்த காலி டேங்க்தான் நிறைந்த டேங்க்கைவிட எளிதில் வெடிக்கும். மிதவைக் கையை வளைத்துச் சரிக்கட்டவும் வேண்டாம். அடிக்கோடு சரியானால் மேல்கோடு பொய்யாகும். மாற்று டேங்க் தேடுவதே நல்லது. கிடைக்கும்வரை மூடியை மட்டும் துளையுள்ளதாக மாற்றிவிட்டு, கால் கோட்டையே காலி என்று வைத்துக்கொண்டு ஓட்டுங்கள்.

கேட்டவர்

மூடியை அன்றே மாற்றிவிட்டேன். அதன்பின் ஒன்றரை மணி நேரம் நிற்காமல் ஓட்டியும் எஞ்சின் அணையவில்லை. மூன்று வாரத்தில் குழிவில்லாத பழைய டேங்க் ஒன்று கிடைத்தது. உட்புறத் துருவைக் கழுவி, எரிபொருள் ஃபில்டரையும் யூனிட்டின் அடி ரப்பர் வளையத்தையும் புதிதாகப் போட்டு மாட்டியிருக்கிறேன். பெட்ரோல் ஊற்றுவதற்கு முன் அளந்தபோது மல்டிமீட்டர் 238 காட்டியது. முள்ளும் அடிக்கோட்டில் படுத்திருந்தது. பிறகு நிரப்பியபோது 44 லிட்டரைத் தாண்டி ஏறியது.