ஷீட் விலை ஒன்னு, பேச்சு மட்டும் எப்படி ரெண்டு?

மலையோரம் கடைக்காரன்:
குலசேகரம் பக்கம் ரப்பர் ஷீட் எடுக்கிற கடை வச்சிருக்கேன். கேரளாவுல கோட்டயம் ரப்பர் சந்தை விலை வந்ததும் போர்டுல எழுதிப் போடுவேன். (ஆர்.எஸ்.எஸ். 4-ன்னு எழுதுவேன். அது ஷீட்டுக்க தரம், கட்சி இல்ல ஓய்.)

வாடிக்கைக்காரங்க ரெண்டு பேரு. ஒருத்தர் கை, ஒருத்தர் தாமரை. 2011-ல கிலோ 240 ரூவாய்க்குப் பக்கம் போன விலை 2016 தொடக்கத்துல 100-க்குக் கீழ விழுந்துச்சு. கைக்காரரு, "டெல்லிதான் காரணம்"னாரு. 2014 தேர்தலுக்கு முன்னாலயே நல்லா சரிஞ்சாச்சேன்னு கேட்டா காதுலயே விழாது. தாமரைக்காரரோ, "தாய்லாந்துல விளைஞ்சு குமிஞ்சா டெல்லி என்ன செய்யும்?"னாரு.

2024 ஆகஸ்ட்ல மறுபடியும் 240 தாண்டிச்சு. இப்ப தாமரைக்காரரு டெல்லிக்குக் கும்பிடு போடுகாரு, கைக்காரரு தாய்லாந்து மழையில ரப்பர் வெட்டு குறைஞ்சதைச் சொல்லுகாரு!

இவங்க தெரிஞ்சே பேசுகாங்களா, இல்ல அப்படித்தான் கண்ணுக்குத் தெரியுதா?

ரிட்டயர்டு வாத்தியார், நாகர்கோவில்:
ரெண்டும் கலந்ததுதான் தம்பி. அமெரிக்காவுல குடியரசுக் கட்சி அதிபர் ரீகன் காலத்துல பணவீக்கம் 1980-ல 13 சதவீதத்துக்கு மேல இருந்து 1988-ல 4 சதவீதத்துக்கு இறங்குச்சு. அந்த வருஷம் ஆய்வுல கேட்டப்போ, எதிர்க்கட்சியான ஜனநாயகக் கட்சியோட தீவிர ஆளுங்கள்ல பாதிக்கு மேல "பணவீக்கம் மோசமாயிட்டு"ன்னாங்க. 2016 நவம்பர்ல டிரம்ப் ஜெயிச்சதும், பதவி ஏற்கும் முன்னாலயே குடியரசுக் கட்சிக்காரங்களுக்குப் பொருளாதாரம் நல்லா தெரிய ஆரம்பிச்சுட்டு.

சரியான விடைக்குப் பணம் தாறோம்னு சொல்லிக் கேட்டும் பாத்திருக்காங்க. அப்போ ரெண்டு கட்சிக்காரங்க விடைக்கும் உள்ள வித்தியாசம் நல்லா குறைஞ்சுது.

குளச்சல்காரன்:
வள்ளத்துக்கு மண்ணெண்ணெய் வாங்குகப்போ எவனும் கட்சி பேசமாட்டான். கரைக்கு வந்து சாயா குடிக்கப்போதான் எல்லாம் வரும்.

மலையோரம் கடைக்காரன்:
சார் சொன்ன பண விஷயம் சரிதான். "ஷீட்டை இப்ப போடவா, வச்சிருக்கவா?"ன்னு கேக்கப்போ ரெண்டு பேரும் ஒரே ஆளு மாதிரி பேசுவாங்க. தாய்லாந்து வரத்து, கச்சா எண்ணெய் விலை, டயர் கம்பெனி எடுக்குதா இல்லியா... டெல்லி பேச்சே வராது. விவரம் தெரியாத ஆளுங்க இல்ல. ஓட்டு விஷயத்துல மட்டும் அந்தக் கணக்கை எடுக்கமாட்டாங்க, தப்பாப் போனாலும் அவங்க கைக்காசு போகாதே.

இப்ப ரெண்டு பேருமே சரக்கை இறக்காம வச்சிருக்காங்க. ஏறுமாம்.