லினக்ஸ் மின்ட் 22-க்கு மாறியதிலிருந்து ஹெச்பி 1020 லேசர் பிரின்டர் ஓடவில்லை, "ஃபில்டர் ஃபெயில்ட்" என்கிறது

கோத்தகிரி ஜெராக்ஸ்:

வணக்கம். கோத்தகிரி பஸ் ஸ்டாண்டுப் பக்கம் ஜெராக்ஸ், டிடிபி, ஆன்லைன் அப்ளிகேஷன் எல்லாம் செய்கிற சின்னக் கடை என்னுடையது. பழைய டெஸ்க்டாப், அதில் விண்டோஸுக்குப் பதில் லினக்ஸ் மின்ட் 21 சினமன், யூஎஸ்பியில் ஒரு ஹெச்பி லேசர்ஜெட் 1020 பிரின்டர். இந்தப் பிரின்டரைப் பற்றி யாருக்கும் விளக்க வேண்டியதில்லை, எந்த ஊர் டிடிபி கடைக்குள் நுழைந்தாலும் மூலையில் ஒன்று உட்கார்ந்திருக்கும். பல வருஷமாகத் தொந்தரவே கிடையாது. போன வாரம் மின்ட் 22-க்கு அப்கிரேட் செய்தேன், மற்றதெல்லாம் சரியாக வந்துவிட்டது, பிரின்டர் மட்டும் அசையவில்லை.

பிரின்ட் கொடுத்தால் க்யூவில் ஏறுகிறது, ஒரு நொடி "பிராசஸிங்" காட்டுகிறது, அப்புறம் "ஸ்டாப்டு, ஃபில்டர் ஃபெயில்ட்" என்று நின்றுவிடுகிறது. கேபிளை மாற்றிவிட்டேன், வேறு யூஎஸ்பி போர்ட்டிலும் போட்டுப் பார்த்தேன். பிரின்டர்ஸ் பக்கத்தில் அழித்துவிட்டு மறுபடி சேர்த்தால் பேர் தானாக வருகிறது, ஆக சிஸ்டம் அதைப் பார்க்கத்தான் செய்கிறது, ஆனால் டெஸ்ட் பேஜ்கூட வருவதில்லை. சர்வீஸ் ஆளிடம் போனில் கேட்டால் போர்டு போயிருக்கும், மேட்டுப்பாளையத்துக்கு இறக்கிவிடுங்கள் என்கிறார், பிரின்டரைக் கண்ணால்கூடப் பார்க்கவில்லை. ஹட்டிகளிலிருந்து, அதாவது சுற்றியுள்ள படுகர் ஊர்களிலிருந்து, காலையிலேயே பஸ் பிடித்து சிட்டா, அடங்கல் எடுக்க வருகிறவர்களைத் திருப்பி அனுப்ப முடியவில்லை. இப்போதைக்குப் பக்கத்துக் கடைக்கு வாட்ஸப்பில் அனுப்பி ஓட்டிக்கொண்டிருக்கிறேன். போர்டு போனால் "ஃபில்டர் ஃபெயில்ட்" வருமா?

ரிவர்ஸ் கியர்:

கடை வைத்துக்கொண்டு லினக்ஸ் எதற்கு? விண்டோஸ் போடுங்க, அரை மணி நேர வேலை, முடிந்தது.

பூம்பாறை பூண்டு:

அக்கா, போர்டு போகவில்லை, பிரின்டரை எங்கேயும் இறக்க வேண்டாம். போர்டு போயிருந்தால் பெரும்பாலும் சிஸ்டம் அதன் பேரையே காட்டாது. "ஃபில்டர் ஃபெயில்ட்" என்பது பிரின்டர் சொல்கிற குறை இல்லை, கம்ப்யூட்டருக்குள்ளேயே வேலை நின்றுவிட்டது என்று அர்த்தம். நீங்கள் கொடுக்கிற பிடிஎஃப்பை பிரின்டருக்குப் புரிகிற மாதிரி மாற்றித் தருவதுதான் ஃபில்டர், அதற்கு வேண்டிய ஒரு துண்டு உங்கள் சிஸ்டத்தில் இல்லை. எந்தத் துண்டு என்று எனக்குச் சந்தேகம் இருக்கிறது, உறுதிப்படுத்திக்கொள்ள ஒன்று மட்டும் பாருங்கள். பிரௌசரில் லோக்கல்ஹோஸ்ட், முக்காற்புள்ளி, 631 என்று அடித்தால் கப்ஸ், அதாவது லினக்ஸில் பிரின்ட் வேலைகளைக் கவனிக்கிற நிரலின் பக்கம் திறக்கும், அதில் பிரின்டர்ஸ் போய் உங்கள் பிரின்டரைத் தொட்டால் "கனெக்‌ஷன்" என்று ஒரு வரி இருக்கும். அது ஹெச்பி என்று தொடங்குகிறதா, யூஎஸ்பி என்று தொடங்குகிறதா?

ரிவர்ஸ் கியர் அண்ணா, விண்டோஸ் 10-க்கு 2025 அக்டோபர் 14-ஓடு ஆதரவு முடிந்தது. 11 போட டிபிஎம் 2.0 என்கிற பாதுகாப்புச் சிப் கேட்கும், அக்காவின் பழைய டெஸ்க்டாப்பில் அது இருக்குமா என்பதே சந்தேகம். பிரின்டருக்காகக் கம்ப்யூட்டர் வாங்கச் சொல்கிறீர்களா?

கோத்தகிரி ஜெராக்ஸ்:

ஹெச்பி என்றுதான் தொடங்குகிறது தம்பி.

டெர்மினல் தாத்தா:

அப்படியானால் ப்ளகின்தான். தம்பி சரியான இடத்தில்தான் கை வைத்திருக்கிறார், நான் கொஞ்சம் நீட்டிச் சொல்கிறேன், ஏனென்றால் இது ஒவ்வொரு அப்கிரேடுக்கும் திரும்ப வரும்.

லேசர்ஜெட் 1018, 1020, பி1007, பி1008 எல்லாம் ஒரே குடும்பம். இவற்றுக்குச் சொந்த மூளை ரொம்பக் கம்மி. பெரிய லேசர்களில் ஃபர்ம்வேர், அதாவது பிரின்டரை இயக்குகிற நிரல், உள்ளேயே நிரந்தரமாக இருக்கும். இந்தச் சின்ன ரகத்தில் அது கிடையாது, சுவிட்சைப் போடுகிற ஒவ்வொரு முறையும் கம்ப்யூட்டர்தான் யூஎஸ்பி வழியாக ஃபர்ம்வேரை ஊட்டிவிட வேண்டும். கரன்ட் போனால் அது மறந்துபோகும். விண்டோஸிலும் இதே கதைதான், அங்கே டிரைவர் சத்தமில்லாமல் செய்துவிடுவதால் யாருக்கும் தெரிவதில்லை. ஃபர்ம்வேர் இல்லாத நிலையிலும் "நான் இன்ன மாடல்" என்று மட்டும் யூஎஸ்பியில் சொல்லத் தெரியும், அதனால்தான் உங்களுக்குப் பேர் வருகிறது, பேப்பர் வருவதில்லை.

லினக்ஸில் இந்த வேலையைப் பார்ப்பது ஹெச்பிலிப் என்கிற பேக்கேஜ். அதில் பெரும்பகுதி திறந்த மூல நிரல், மின்ட்டோடு தானாக வந்துவிடும். ஆனால் இந்த 1020 வகைக்கு வேண்டிய ஃபர்ம்வேரும் இன்னும் ஒன்றிரண்டு ஃபைலும் கம்பெனி உரிமத்தில் இருப்பதால் தனி ப்ளகினாக இறக்கிக்கொள்ள வேண்டும். ஹெச்பிலிப் வெர்ஷனும் ப்ளகின் வெர்ஷனும் ஒன்றாகவே இருக்க வேண்டும், இதில் துளி மாறினாலும் ஒப்புக்கொள்ளாது. மின்ட் 21 உபுண்டு 22.04-ஐ அடிப்படையாகக் கொண்டது, அதில் ஹெச்பிலிப் 3.21.12. மின்ட் 22-க்கு அடிப்படை உபுண்டு 24.04, அதில் 3.23.12. அப்கிரேட் செய்தபோது ஹெச்பிலிப் மாறிவிட்டது, ப்ளகின் பழையதாகவே நிற்கிறது, அவ்வளவுதான்.

கட்டளை அடிக்கிற ஜன்னலான டெர்மினலைத் திறந்து ஹெச்பி-பிளகின் என்ற கட்டளையைக் கொடுங்கள். இங்கிலீஷில், எல்லாம் சின்ன எழுத்து, நடுவில் ஒரு சின்னக் கோடு. முன்னால் சூடோ (நிர்வாகி அனுமதி கேட்கிற சொல்) சேர்க்க வேண்டாம், தேவைப்படும்போது அதுவே பாஸ்வேர்டு கேட்கும். ஜன்னல் திறக்காவிட்டால் கடைசியில் ஒரு இடைவெளி விட்டு மைனஸ் ஐ சேருங்கள், டெர்மினலுக்குள்ளேயே கேள்வி கேட்டு ஓடும். நெட் நன்றாக இருக்கிற நேரமாகப் பார்த்துச் செய்யுங்கள், ஃபைலை இறக்கியதும் அதன் கையொப்பத்தைச் சரிபார்க்க ஒரு சாவியையும் இணையத்திலிருந்து எடுக்கும், அந்த இடத்தில் நெட் அறுந்தால் ஏதோ பெரிய கோளாறு போல மிரட்டும், பயப்படாமல் மறுபடி ஓட்டுங்கள். முடிந்ததும் பிரின்டரை அணைத்துப் போடுங்கள். காதைப் பக்கத்தில் வைத்துக் கேளுங்கள், சுவிட்சைப் போட்டதும் ஒரு முறை உருளை சுற்றி நிற்கும், சில நொடி கழித்து மறுபடி ஒரு முறை சுற்றும். அந்த இரண்டாவது சுற்றுதான் ஃபர்ம்வேர் உள்ளே போனதற்கு அடையாளம்.

இன்னொன்று. இணையத்தில் தேடினால் ஃபூ2இசட்ஜெஎஸ் என்று வேறு ஒரு டிரைவரும் இதே மாடலுக்குக் கிடைக்கும். நல்ல டிரைவர்தான், ஆனால் அதையும் இதையும் ஒரே சிஸ்டத்தில் போட்டால் ஃபர்ம்வேரை நான் ஊட்டுகிறேன், நீ ஊட்டுகிறாய் என்று இரண்டும் மோதிக்கொள்ளும். ஏதாவது ஒன்றோடு நில்லுங்கள்.

கோத்தகிரி ஜெராக்ஸ்:

தாத்தா, ஓடிவிட்டது! நீங்கள் சொன்ன மாதிரியே சாவி எடுக்கிற இடத்தில் ஒரு தடவை அறுந்தது, கடை வைஃபையை விட்டுவிட்டு போன் ஹாட்ஸ்பாட்டில் போட்டதும் முடித்துவிட்டது. இரண்டாவது சுற்றும் கேட்டது. டெஸ்ட் பேஜ் வந்தது, தேங்கியிருந்த சிட்டா எல்லாம் எடுத்துக் கொடுத்தாயிற்று. நாளைக்குக் கொடைக்கானல் ட்ரிப் போகிற ஒரு டிரைவருக்கு இ-பாஸும் இதிலேயே எடுத்துக் கொடுத்தேன்.

ஆனால் இன்னும் இரண்டு விஷயம் இருக்கிறது. சாயங்காலம் கரன்ட் போய்ப் போய் வந்தது, இங்கே மழை நாளில் அது வழக்கம்தான். கம்ப்யூட்டர் யூபிஎஸ்ஸில் நிற்கிறது, பிரின்டர் நேராகச் சுவர் பிளக்கில். கரன்ட் வந்த பிறகு க்யூவில் வேலை அப்படியே நிற்கிறது, பிரின்டர் சும்மா இருக்கிறது. பிரின்டரையும் யூபிஎஸ்ஸிலேயே மாட்டிவிடலாமா? இரண்டாவது, பிரின்ட் வருகிறது, ஆனால் பேப்பர் சுருண்டு வருகிறது, நடு நடுவே எழுத்து வெளுத்துத் திட்டுத் திட்டாக இருக்கிறது. டோனர் புதுசு. இதுவும் டிரைவர் கோளாறா?

பந்தலூர் மழை:

இரண்டாவதுக்கு நான் சொல்கிறேன், இது எங்கள் பக்கத்துப் பாடம். டிரைவரும் இல்லை டோனரும் இல்லை, பேப்பர் நனைந்திருக்கிறது. தொட்டால் ஈரம் தெரியாது, ஆனால் பிரித்த ரீம் இந்தக் காற்றில் கிடந்தால் ஒரே ராத்திரியில் ஈரத்தை இழுத்துக்கொள்ளும். உங்களுக்கு ஐப்பசி, கார்த்திகை, எங்களுக்கு ஆனியில் ஆரம்பித்தால் ஆவணி வரை இதே பாடுதான். லேசரில் டோனர் பேப்பரில் ஒட்டுவது மின்னூட்டத்தால். ஈரப் பேப்பரில் அந்த மின்னூட்டம் நிற்காமல் கசிந்துவிடுவதால் டோனர் திட்டுத் திட்டாக இறங்கும். அப்புறம் டோனரை உருக்கி ஒட்டவைக்கிற ஃப்யூசர் உருளை கொதிநிலையை விட எவ்வளவோ அதிகச் சூட்டில் இருப்பதால் பேப்பரிலிருக்கிற ஈரம் ஆவியாகி, காய்கிற பக்கம் சுருங்கி, தாள் அப்பளம் மாதிரி வளைந்து வரும். பிரின்ட் எடுக்கும்போது வெளியே வருகிற தாளுக்கு மேலே லேசாகப் புகை மாதிரி தெரிகிறதா பாருங்கள், பார்த்துவிட்டுப் பிரின்டர் எரிகிறது என்று பிளக்கைப் பிடுங்கியவர்கள் எங்கள் பக்கம் உண்டு. வெறும் நீராவிதான்.

செய்ய வேண்டியது லேசு. ரீமைப் பிரித்தால் ட்ரேயில் அன்றைக்கு வேண்டியதை மட்டும் வையுங்கள், மிச்சத்தை அதே உறையோடு மூடி போட்ட பிளாஸ்டிக் டப்பாவில் இறுக்கி மூடுங்கள். ராத்திரி கடை சாத்தும்போது ட்ரேயில் மிச்சமிருக்கிற தாளையும் எடுத்து டப்பாவில் போட்டுவிடுங்கள், நிறையப் பேர் செய்யாமல் விடுவது இதைத்தான். ரீமைத் தரையிலும் சுவரை ஒட்டியும் வைக்காதீர்கள், மலையில் சுவரே வியர்க்கும். ஏற்கெனவே ஈரமான பேப்பரை வீசாதீர்கள், ஜெராக்ஸ் மெஷின் ஓடும்போது அதன் வெதுவெதுப்பில் வைத்தால் ஓரளவு மீளும், மீளாததை ரஃப் பேப்பராக வைத்துக்கொள்ளுங்கள்.

டெர்மினல் தாத்தா:

யூபிஎஸ்ஸில் லேசரை மாட்டவே மாட்டாதீர்கள் அம்மா. கடைகளில் இருக்கிற 600 விஏ யூபிஎஸ், ஃப்யூசர் சூடாகிற அந்த நேரத்து இழுவையைத் தாங்காது, அது விழுந்தால் கம்ப்யூட்டரும் சேர்ந்து விழும். சுவர் பிளக்கே சரி. ஆனால் கரன்ட் விட்டு விட்டு வரும்போது பிரின்டர் ஆன் ஆகிறது, ஃபர்ம்வேர் போய்க்கொண்டிருக்கும்போதே மறுபடி அணைகிறது, கம்ப்யூட்டரோ அணையாமல் இருப்பதால் ஏற்கெனவே ஊட்டிவிட்டேன் என்கிற நினைப்பிலேயே இருக்கிறது. ஆகவே கரன்ட் போனதும் பிரின்டர் சுவிட்சை நீங்களே அணைத்துவிடுங்கள், கரன்ட் நின்று நிதானமாக வந்த பிறகு போடுங்கள். அப்படியும் இரண்டாவது சுற்று கேட்கவில்லையென்றால் டெர்மினலில் ஹெச்பி-ஃபர்ம்வேர், அதே மாதிரி நடுவில் கோடு. ஃபர்ம்வேரைக் கையால் ஊட்டுகிற கட்டளை அது.

அப்புறம் க்யூ நின்று போவது தனிக் கதை. பிரின்டர் பதில் சொல்லாவிட்டால் என்ன செய்வது என்று கப்ஸில் ஒரு அமைப்பு உண்டு. அதே 631 பக்கத்தில் உங்கள் பிரின்டருக்குள் போய் "செட் டிஃபால்ட் ஆப்ஷன்ஸ்", அதில் "பாலிசீஸ்", அங்கே "எரர் பாலிசி". "ஸ்டாப் பிரின்டர்" என்று இருந்தால் ஒரு முறை தடங்கினாலும் மொத்த க்யூவும் நின்றுவிடும், நீங்கள் போய் "ரெஸ்யூம்" அழுத்துகிற வரை நகராது. அதை "ரீட்ரை ஜாப்" ஆக்கிவிடுங்கள். அந்தப் பக்கம் பேரும் பாஸ்வேர்டும் கேட்டால் உங்கள் லாகின்தான்.

பூம்பாறை பூண்டு:

அங்கேயே "ஜெனரல்" பகுதியில் பேப்பர் சைஸையும் பார்த்துவிடுங்கள் அக்கா, பிரின்டரை அழித்துச் சேர்த்திருக்கிறீர்கள் இல்லையா. மின்ட்டை இங்கிலீஷ் யுஎஸ் என்று நிறுவியிருந்தால் புதிதாகச் சேர்க்கிற க்யூவில் "லெட்டர்" வந்து உட்கார்ந்துவிடும். லெட்டர் 279 மில்லிமீட்டர் உயரம், ஏ4 297. சிட்டாவில் கீழே இருக்கிற வரியும் க்யூஆர் கோடும் வெட்டுப்பட்டால் தாலுகா ஆபீஸில் திருப்பி அனுப்புவார்கள், திட்டு உங்களுக்குத்தான் விழும்.

ரிவர்ஸ் கியர்:

சரி, ஓடிவிட்டது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஒவ்வொரு அப்கிரேடுக்கும் இந்தக் கூத்து ஒரு கடைக்காரருக்குத் தேவையா? அடுத்த பிரின்டராவது இந்த வம்பு இல்லாததாக வாங்கச் சொல்லுங்கள்.

டெர்மினல் தாத்தா:

அது நியாயமான பேச்சு. அடுத்து வாங்கும்போது பெட்டியில் ஏர்பிரின்ட் என்றோ ஐபிபி எவ்ரிவேர் என்றோ போட்டிருக்கிறதா பாருங்கள். அப்படிப்பட்ட பிரின்டருக்குத் தனி டிரைவரும் வேண்டாம், ப்ளகினும் வேண்டாம். ஐபோனிலிருந்து நேராகப் பிரின்ட் எடுக்க வந்த ஏற்பாடு, லினக்ஸ் அதே பாஷையில் பேசிக்கொள்கிறது. வைஃபை வேண்டாம், யூஎஸ்பிதான் வசதி என்றால் ஐபிபி-யூஎஸ்பி என்கிற பேக்கேஜ் இருந்தால் பெரும்பாலான புது மாடல்கள் கேபிளிலும் அப்படியே ஓடும். ஆனால் 1020-இல் டோனரை நிரப்பி நிரப்பி ஓட்டுகிற செலவுக்குப் புது லேசர் மாடல்கள் பலவும் கிட்டே வராது, அதனால் நடக்கிற வரை இதை விடச் சொல்ல மாட்டேன்.

கோத்தகிரி ஜெராக்ஸ்:

எரர் பாலிசி "ஸ்டாப் பிரின்டர்" என்றுதான் இருந்தது, மாற்றிவிட்டேன். பேப்பர் சைஸும் லெட்டர்தான், அதையும் ஏ4 ஆக்கினேன். பந்தலூர் சொன்னபடி புது ரீமில் எடுத்ததும் எழுத்து கறுப்பாக வருகிறது, சுருளவும் இல்லை. ஒன்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன், ப்ளகின் இறக்கினேன் இல்லையா, அந்த ஃபைலைப் பென்டிரைவில் வைத்துக்கொண்டால் அடுத்த அப்கிரேடில் நெட் இல்லாமலே போட்டுவிடலாமா?

பூம்பாறை பூண்டு:

அடுத்த அப்கிரேடுக்கு உதவாது அக்கா, ஹெச்பிலிப் வெர்ஷன் மாறியிருக்கும், புதுசுதான் வேண்டும். இதே மின்ட் 22-ஐத் திரும்ப நிறுவ நேர்ந்தால் உதவும், ரன் என்று முடிகிற அந்த ஃபைல் எங்கே இருக்கிறது என்று ஹெச்பி-பிளகின் கேட்கும்போது பென்டிரைவைக் காட்டினால் போதும். அப்கிரேட் செய்வதாக இருந்தால் ஞாயிற்றுக்கிழமை கடை சாத்திய பிறகு செய்யுங்கள், முடித்த கையோடு ப்ளகினையும் போட்டு ஒரு டெஸ்ட் பேஜ் எடுத்துவிட்டு வீட்டுக்குப் போங்கள்.