வைகாசியில் கல்யாணம், ஜூனில் இலங்கை ஹனிமூன்: 8 ராத்திரிக்கு இந்த ரூட் சரியா?

காவேரிப்பட்டணம் மாப்பிள்ளை

எல்லாருக்கும் வணக்கம். வைகாசி கடைசி முகூர்த்தத்தில் கல்யாணம். மறுவீடு, விருந்து எல்லாம் முடித்து ஜூன் நடுவில் கிளம்பலாம்னு இருக்கோம். அதைத் தள்ளிப் போட முடியாது, ஆடி வந்தால் பொண்ணை அழைச்சுட்டுப் போயிடுவாங்க. பெங்களூரிலிருந்து ஃப்ளைட், மொத்தம் 8 ராத்திரி.

நான் போட்ட ரூட்: கொழும்பு 1, கண்டி 1, நுவரெலியா 1, எல்ல 1, யால 1, மிரிஸ்ஸ 2, காலி 1.

மிரிஸ்ஸவில் திமிங்கிலம் பார்க்கணும், பீச்சில் ரெண்டு நாள் சும்மா கிடக்கணும். மலை ரயில் கட்டாயம். வரப்போற மனைவி சுத்த சைவம். அவங்க பாஸ்போர்ட்டில் அப்பா பேர்தான் இருக்கு, மாத்தணுமா? கார் நாமே எடுத்து ஓட்டலாமா, டிரைவர் வெச்சுக்கணுமா? யாழ்ப்பாணமும் சேர்க்கலாமான்னு ஒரு ஆசை. தெரிஞ்சவங்க சொல்லுங்க.

ஓசூர்வாசி

தம்பி, உங்க ரூட் தை மாசக் கல்யாணத்துக்குப் போட்ட ரூட். ஏஜென்ட்டுங்க வருஷம் முழுக்க இதையே கொடுப்பாங்க. ஜூனுக்கு இது தலைகீழா மாறணும்.

இலங்கைக்கு ரெண்டு பருவமழை. மே முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவமழை. கொழும்பு, காலி, மிரிஸ்ஸ, மலையகத்தின் மேற்குச் சரிவு எல்லாம் அதோட நேர் முகத்தில் இருக்கு. டிசம்பர் முதல் பிப்ரவரி வரை வடகிழக்கு. அப்போ திருகோணமலை, மட்டக்களப்புப் பக்கம் நனையும், தெற்குக் கரை தெளிஞ்சு கிடக்கும். அக்டோபர், நவம்பரில் எந்தக் கரைக்கும் உத்தரவாதம் இல்லை. அதனால் தையில் கல்யாணம்னா மிரிஸ்ஸ, வைகாசியிலோ ஆவணியிலோ கல்யாணம்னா திருகோணமலை. முதல்ல கரையை முடிவு பண்ணிட்டு, அப்புறம் மத்த ஊரை வரிசையாக் கோக்கணும்.

ஜூனில் மிரிஸ்ஸ போனா நாள் பூரா மழை கொட்டும்னு அர்த்தம் இல்லை. கடல்தான் பிரச்சினை. அலை உயரமா இருக்கும், அடியில் இழுப்பு இருக்கும், சிவப்புக் கொடி நட்டிருந்தா முழங்கால் அளவுக்குக்கூட இறங்கக் கூடாது. மிரிஸ்ஸவில் திமிங்கிலப் படகுக்குச் சீசன் நவம்பர் முதல் ஏப்ரல் வரைதான். ஜூனில் யாராவது கூட்டிட்டுப் போறேன்னா, அந்தக் கடலில் படகு ஆடுற ஆட்டத்தில் வாந்திதான் மிச்சம்.

8 ராத்திரிக்கு இப்படிப் போடுங்க: சிகிரியா பாறைக் கோட்டைப் பக்கம் 2, திருகோணமலை 2, கண்டி 1, எல்ல 2, கடைசி ராத்திரி நீர்கொழும்பு 1.

ஏர்போர்ட் இருக்கிறது கட்டுநாயக்கவில். கொழும்பு அங்கிருந்து 35 கிலோமீட்டர் தெற்கே. நீங்க போறதோ வடகிழக்கே, கொழும்புக்குள்ள போய் டிராஃபிக்கில் மாட்டி ஒரு நாளைத் தொலைக்க வேண்டாம். காலையில் இறங்கினா நேரா சிகிரியா. ஃப்ளைட் ராத்திரியில் இறங்கினா முதல் ராத்திரி நீர்கொழும்பில் தூங்கிட்டு, சிகிரியாவில் ஒண்ணைக் குறைச்சுக்குங்க.

மேப்பில் கிலோமீட்டர் பார்த்து ஏமாறாதீங்க. நம்ம கிருஷ்ணகிரி–சேலம் நாலு வழிச்சாலை கணக்கு அங்கே செல்லாது. எக்ஸ்பிரஸ்வே தவிர மத்த ரோட்டில் மணிக்கு 35, 40 கிலோமீட்டர்னு வெச்சுக்கங்க. ஏர்போர்ட்–சிகிரியா சுமார் 4 மணி நேரம், சிகிரியா–திருகோணமலை இரண்டரை, திருகோணமலை–கண்டி 5. எல்லவிலிருந்து ஏர்போர்ட்டுக்கு வெல்லவாய வழியா இறங்கி தெற்கு எக்ஸ்பிரஸ்வே பிடிச்சாலும் ஐந்தரை, ஆறு மணி நேரம். கடைசி ராத்திரி நீர்கொழும்பு சொன்னது அதுக்குத்தான். எல்லவில் எழுந்து அன்னைக்கே மத்தியான ஃப்ளைட் பிடிக்கலாம்னு நினைக்காதீங்க.

யாலவை விட்டுடுங்க. யானை பார்க்கணும்னா சிகிரியாவை ஒட்டின ஹபரணைப் பக்கம் மின்னேரியா, கவுடுல்லன்னு ரெண்டு தேசியப் பூங்கா இருக்கு. வறட்சி ஏற ஏற ஏரிக்கரையில் யானை கூடும். ஆகஸ்டு, செப்டம்பர்தான் உச்சம், ஜூனிலும் பார்க்கலாம். எந்தக் காட்டில் யானை நிக்குதுன்னு அன்னன்னைக்கு ஜீப்காரங்களுக்குத் தெரியும். பேரைச் சொல்லி முன்கூட்டியே பணம் கட்டாம, மத்தியானம் கேட்டுட்டு ஏறுங்க.

அரூர் அக்கா

ஓசூர்வாசி சொன்ன ரூட்தான் சரி. நான் ரயில், மலை, சாப்பாடு மூணும் சொல்றேன்.

ரயில்: கண்டியிலிருந்து எல்லவுக்கு 7 மணி நேரம் பக்கம். முன்பதிவு 30 நாளுக்கு முன்னாடி திறக்கும், நல்ல வண்டியில் இடம் சீக்கிரமே தீர்ந்துடும். அப்புறம் வெளியாளுங்க அதே டிக்கெட்டை மூணு, நாலு மடங்குக்கு விப்பாங்க. தேதியைக் காலண்டரில் குறிச்சு வெச்சு, ரயில்வே தளத்தில் நீங்களே எடுங்க. பாஸ்போர்ட் நம்பர் கையில் இருக்கட்டும். முதல் வகுப்பு ஏசி எடுக்காதீங்க, ஜன்னல் திறக்காது, கண்ணாடியில் உங்க முகம்தான் போட்டோவில் விழும். இரண்டாம் வகுப்பு ரிசர்வ்டு போதும். டிக்கெட் கிடைக்கலைன்னா நுவரெலியாவுக்குப் பக்கத்து ஸ்டேஷன் நானுஓயா வரை காரில் போய், அங்கிருந்து எல்ல வரைக்கும் மட்டும் ஏறுங்க. மூணு மணி நேரம்தான், பட்டிப்பொல வழியா போற உயரமான பகுதி அதிலேயே வந்துடும்.

முக்கியமா ஒண்ணு. 2025 நவம்பர் கடைசியில் வந்த டிட்வா புயலில் மலை ரயில் பாதை பலமா அடிவாங்கிச்சு. ஓட்டல் புக் பண்றதுக்கு முன்னாடி எல்ல வழியா போற கண்டி–பதுளை ரயில் முழுசா ஓடுதா, எந்தப் பகுதி மட்டும் ஓடுதுன்னு பார்த்துடுங்க. ரயில் ஓடாத பகுதிக்குக் காரில் போற நேரத்தைக் கணக்கில் சேர்த்துக்கங்க.

பெட்டியை ரயிலில் ஏத்த வேண்டாம். டிரைவர் பெட்டியோட ரோட்டில் வந்து எல்ல ஸ்டேஷனில் நிப்பார். அங்கே எல்லாரும் அப்படித்தான் செய்வாங்க. கதவில் தொங்கி போட்டோ எடுக்கிறது வேண்டவே வேண்டாம். அந்தப் பாதையில் குகைகள் வரிசையா வரும், பாறை பெட்டியை ஒட்டியே இருக்கும். உயிர் போயிருக்கு.

ஜூன் மழையில் எல்ல எப்படின்னு கேப்பீங்க. மேகம் நுவரெலியா, ஹட்டன் பக்கமே மழையைக் கொட்டிடும். மலைக்கு இந்தப் பக்கம் ஊவா, அதாவது பண்டாரவளை, எல்ல, பதுளை, அப்போ காஞ்சு காத்தடிக்கும். அதனால் நுவரெலியாவில் தங்காம எல்லவில் 2 ராத்திரி சரி. ஸ்வெட்டர் எடுத்துக்கங்க, ரயில் அவ்வளவு உயரம் ஏறி இறங்குது.

சிகிரியா: சுமார் 1,200 படி. காலையில் திறந்ததும் ஏறிடணும். பத்து மணிக்கு மேல் பாறை சுடும், சிங்கப் பாதத்துக்கு மேல் இரும்புப் படியில் வரிசை நகராது. குளவிக் கூடு இருக்கு, சத்தம் போடக் கூடாதுன்னு போர்டே வெச்சிருக்காங்க. ஓவியத்தைப் போட்டோ எடுக்கக் கூடாது. வெளிநாட்டுக்காரருக்கு டிக்கெட் விலை அதிகம். ஆனா நம்ம மாதிரி சார்க் (தெற்காசிய) நாட்டுக்காரருக்குக் குறைவுதான், ஒரிஜினல் பாஸ்போர்ட்டைக் கவுன்டரில் காட்டணும். ஓட்டல் லாக்கரில் வெச்சுட்டுப் போனா முழு விலை.

சாப்பாடு: சோறும் கறியும்னு கேட்டா மூணு, நாலு காய்கறியோட வரும், சைவத்துக்குக் கஷ்டம் இல்லை. கவனிக்க வேண்டியது மாசி. தேங்காய்ச் சம்பல், வதக்கின காய், சில சமயம் பருப்பில்கூட மாசிக் கருவாட்டை இடிச்சுப் போடுவாங்க. பார்த்தா தெரியாது. ‘சைவமா?’ன்னு மட்டும் கேட்டா இறைச்சி இல்லைன்னு தலையாட்டிடுவாங்க. ‘மாசி, கருவாடு போடாம’ன்னு சொல்லுங்க. திருகோணமலையிலும் கண்டியிலும் சைவக் கடைகள் உண்டு. இட்லி, தோசை, இடியப்பம், சொதி எல்லாம் கிடைக்கும். சிகிரியா, எல்ல ரெண்டு இடத்தில்தான் முன்கூட்டியே சொல்லி வைக்கணும்.

தகடூர் டிராவல்ஸ் கணக்கன்

பேப்பர் வேலை சொல்றேன்.

பாஸ்போர்ட்டில் இப்போ பேர் மாத்தாதீங்க. அப்பா பேர் இருந்தா எந்தத் தடையும் இல்லை. டிக்கெட், இடிஏ (இலங்கைக்குப் போக ஆன்லைனில் வாங்கற முன் அனுமதி), ஓட்டல் எல்லாம் பாஸ்போர்ட்டில் எப்படி இருக்கோ அப்படியே இருக்கணும். இடையில் மறு வெளியீட்டுக்குக் கொடுத்தா பாஸ்போர்ட் நம்பர் மாறிடும், பழைய நம்பரில் வாங்கின இடிஏ செல்லாது. திரும்பி வந்து நிதானமா மாத்திக்கலாம். போற தேதிக்கு ஆறு மாசமாவது பாஸ்போர்ட் காலம் இருக்கணும்.

நம்ம ஊர் பாஸ்போர்ட் நிறையதில் சர்நேம் கட்டம் காலியா இருக்கும். டிக்கெட் போடும்போது அந்தக் கட்டத்தில் என்ன போடணும்கிறது ஏர்லைனுக்கு ஏர்லைன் மாறும். புக் பண்றதுக்கு முன்னாடியே அவங்ககிட்ட கேட்டுடுங்க. பணம் கட்டினப்புறம் பேர் திருத்தினா தனியா காசு.

இடிஏவுக்கு அரசுத் தளம் ஒண்ணுதான்: இடிஏ டாட் ஜிஓவி டாட் எல்கே. கூகுளில் தேடினா மேலே வர்ற விளம்பரத் தளங்கள் அதே வேலைக்குக் கூடுதலா வாங்குவாங்க. கட்டணம் அடிக்கடி மாறுது, விண்ணப்பிக்கிற அன்னைக்கு அந்தத் தளத்தில் இருக்கிறதுதான் கணக்கு.

பணம்: இந்திய ரூபாய் நோட்டு ஒரு ஆளுக்கு 25,000 வரைதான் வெளியே எடுத்துட்டுப் போகலாம். 2024 பிப்ரவரியிலிருந்து அங்கே யுபிஐ உண்டு, ஆனா எல்லாக் கடையிலும் ஸ்கேன் ஆகாது. ஆட்டோ, சின்னக் கடை, ஜீப்புக்கு இலங்கை ரூபாய் நோட்டுதான். பேக்கேஜா எடுத்தா டிசிஎஸ், அதாவது ஏஜென்ட்டே முன்கூட்டிப் பிடிக்கிற வரி, பிடிப்பாங்க. பான் நம்பர் சரியா கொடுத்து, வருமான வரி ரிட்டர்னில் கழிச்சுக்கங்க. மொத்த விலையில் அதைச் சேர்த்தாங்களா இல்லையான்னு எழுத்தில் கேளுங்க.

நகை: புதுப்பொண்ணுன்னு கழுத்து நிறையப் போட்டு அனுப்பிடுவாங்க. தாலி, கம்மல் போதும். அதுக்கு மேல கொண்டு போறதா இருந்தா, கிளம்பும்போதே பெங்களூர் ஏர்போர்ட் கஸ்டம்ஸில் காட்டி ஏற்றுமதிச் சான்று வாங்கிக்கங்க. இல்லைன்னா திரும்பி வரும்போது இது வெளியில் வாங்கினது இல்லைன்னு நிரூபிக்கிற பொறுப்பு உங்க தலையில்.

தேவனஹள்ளி ஏர்போர்ட்டுக்குக் காவேரிப்பட்டணத்திலிருந்து அத்திப்பள்ளி, சில்க் போர்டு வழியா காலை நேரம் போனா நாலு மணி நேரம் வைங்க. விடியற்காலை ஃப்ளைட்டுனா நள்ளிரவில் கிளம்பினா ரோடு காலி. பஸ்ஸில் போறவங்களுக்கு எலக்ட்ரானிக் சிட்டியிலிருந்து வாயு வஜ்ரா இருக்கு.

அப்புறம், ஜூன்ங்கிறதால சொல்றேன், மாம்பழப் பெட்டி கட்டிக் கொடுத்தா வாங்காதீங்க. பழம், செடி, விதை எல்லாம் அங்கே தாவரப் பாதுகாப்பு விதிக்குள் வரும், அனுமதி இல்லாம கொண்டு போக முடியாது.

பர்கூர் பைக்கர்

எல்லாரும் தெற்கை இவ்வளவு பயமுறுத்த வேண்டாம். ஜூனில் காலி, மிரிஸ்ஸ ரூம் விலை நல்லாவே இறங்கும், கூட்டம் இருக்காது. கடலில் இறங்க ஆசை இல்லாத ஜோடிக்குக் காலிக் கோட்டை மழையிலும் அழகுதான். டச்சுக்காரங்க கட்டின தெரு, மதில் மேல நடை. ஆனா நீங்க கேட்டது பீச்சும் திமிங்கிலமும், அதனால் உங்களுக்குக் கிழக்குதான்.

காவேரிப்பட்டணம் மாப்பிள்ளை

ரொம்ப நன்றி அண்ணே, அக்கா. அப்போ திருகோணமலை முடிவு. அங்கே ரெண்டு நாளில் என்ன செய்யலாம்? யாழ்ப்பாணமும் காரும் மட்டும் பாக்கி.

ஓசூர்வாசி

தங்கறது டவுனில் வேண்டாம். உப்புவெளி, இல்லைன்னா இன்னும் வடக்கே நிலாவெளி. நிலாவெளியிலிருந்து படகில் பத்து, பதினைந்து நிமிஷத்தில் புறாத் தீவு. பவளப்பாறை, மீன், ஆமை பார்க்கலாம். அது தேசியப் பூங்கா, நுழைவுக் கட்டணமும் படகு வாடகையும் வேற வேற, ரெண்டையும் சேர்த்துக் கேளுங்க. காலை முதல் படகில் போங்க. நேரம் ஆக ஆகக் காத்தெழும்பித் தண்ணி கலங்கும், கூட்டமும் சேரும். பவளத்து மேல கால் வைக்கக் கூடாது, காலும் கிழியும். நீச்சல் தெரியலைன்னா லைஃப் ஜாக்கெட் கேட்டு வாங்குங்க, கேக்காம தர மாட்டாங்க. திமிங்கிலம் இந்தப் பக்கமும் இந்த மாசங்களில் வரும், படகும் உண்டு, ஆனா பார்த்தே தீருவோம்னு எதிர்பார்க்காதீங்க.

சாயந்திரம் கோணேஸ்வரம். சம்பந்தர் பதிகம் பாடின தலம், ஜோடியாப் போய் கும்பிட்டு வந்தேன்னு சொன்னா வீட்டில் பாதிக் கேள்வி குறையும். கோயில் பழைய கோட்டைக்குள்ள இருக்கு, கோட்டை வாசலிலிருந்து மேலே போற வழியில் புள்ளிமான்கள் திரியும். திரும்புற வழியில் கன்னியா வெந்நீர்க் கிணறுகள், ஏழு கிணறு, அரை மணி நேரம் போதும்.

யாழ்ப்பாணம் இந்த ட்ரிப்பில் வேண்டாம். போக வர ரெண்டு நாள் ரோட்டிலேயே போகும், மலை ரயிலை விட வேண்டி வரும். அதைத் தனியா வைங்க. சென்னையிலிருந்து யாழ்ப்பாணத்துப் பலாலி ஏர்போர்ட்டுக்கு நேரா ஃப்ளைட் இருக்கு, நாகப்பட்டினத்திலிருந்து காங்கேசன்துறைக்குக் கப்பல் இருக்கு. மழைக்காலத்தில் கப்பல் நிக்கும். நல்லூர், நயினாதீவுன்னு மூணு நாள் போட்டுப் பெரியவங்களையும் கூட்டிட்டுப் போகலாம்.

கார் நீங்க ஓட்டாதீங்க. நம்ம மாதிரி இடது பக்கம்தான், ஆனா ஆர்டிஓவில் வாங்கற இன்டர்நேஷனல் பெர்மிட் மட்டும் பத்தாது, அங்கேயும் அங்கீகாரம் வாங்கணும். அது இல்லாம விபத்துன்னா இன்ஷூரன்ஸ் கை விரிக்கும். ரயிலில் போற நாள் பெட்டி கொண்டு வரவும் ஆள் வேணும். ஏசி காரும் டிரைவரும் நாளைக்கு 50 முதல் 70 டாலருக்குள்ள கிடைக்கும். பேசும்போது இதெல்லாம் வாட்ஸ்அப்பில் எழுதி வாங்குங்க: பெட்ரோல் சேர்த்தியா, ஒரு நாளைக்கு எத்தனை கிலோமீட்டர், எக்ஸ்பிரஸ்வே டோல் யாருது, டிரைவர் சாப்பாடும் தங்கலும் யாருது. மசாலாத் தோட்டம், ரத்தினக் கடை, பாத்திக் துணிக் கடைன்னு வழியில் நிறுத்துவாங்க, அதில் அவங்களுக்குக் கமிஷன். வேண்டாம்னா முதல் நாளே சொல்லிடுங்க, கோவிச்சுக்க மாட்டாங்க.

அரூர் அக்கா

தேதி போடும்போது பௌர்ணமியைப் பாருங்க. அங்கே ஒவ்வொரு பௌர்ணமியும் போயா விடுமுறை, அன்னைக்கு மது விக்க மாட்டாங்க. ஜூன் பௌர்ணமி பொசன் பண்டிகை, அநுராதபுரம், மிகிந்தலைப் பக்கம் ஜனம் திரளும், தம்புள்ளை ரோடும் நெரியும். அன்னைக்கு நீங்க திருகோணமலையில் கடலோரம் இருக்கிற மாதிரி வெச்சுக்கங்க. கண்டி தலதா மாளிகைக்கு (புத்தர் பல் வெச்சிருக்கிற கோயில்) தோளும் முழங்காலும் மூடின துணி, ரெண்டு பேருக்கும்தான். புத்தர் சிலைக்கு முதுகு காட்டி செல்ஃபி எடுக்கக் கூடாது, போலீஸ் வரைக்கும் போகும். சார்ஜருக்கு மூணு சதுரமுள் அடாப்டர் ரெண்டு எடுத்துக்கங்க, ஆளுக்கு ஒண்ணு.