மறு: ‘வயர்லெஸ் சைம்’ தமிழில் — சேய்மணி எனலாமா?

கலைச்சொல் குழுவினருக்கு வணக்கம்.

வாசல் மணியை அமுக்கினால் வேறு இடத்தில் பாடுகிற கம்பியில்லா மணியான ‘வயர்லெஸ் சைமு’க்குத் தமிழில் என்ன பெயர் வைக்கலாம் என்று போன வாரம் நான் கேட்ட சின்னக் கேள்விக்கு இத்தனை மடல் வரும் என்று நினைக்கவில்லை. எல்லாவற்றையும் படித்தேன், சிலவற்றை அம்மாவுக்கும் வாசித்துக் காட்டினேன். இன்று என் பங்குக்கு ஒரு சொல்லோடு வந்திருக்கிறேன். இடையில் சேர்ந்தவர்களுக்காக முதலில் பொருளைச் சொல்லிவிடுகிறேன். பொருள் பிடிபடாமல் பெயர் வைத்தால் என்ன ஆகும் என்பதற்கு நம் குழுவின் பழைய மடல்களே போதும்.

வீடு பினாங்கு ஆயர் ஈத்தாமில், இரண்டு மாடி வரிசை வீடு. கேட் தூணில் பெல் சுவிட்ச், முன் ஹால் சுவரில் ‘டிங் டாங்’ மணி. அம்மா பாதி நாள் பின்பக்கச் சமையலறையில்தான் இருப்பார். அங்கே ஜிங்க் கூரை. மாலையில் மழை பிடித்தால் பக்கத்தில் நின்று பேசுவதே கேட்காது, ஹாலில் அடிக்கும் மணி எங்கே கேட்கப்போகிறது? பார்சல்காரர் மூன்று முறை அமுக்கிப் பார்த்துவிட்டுச் சீட்டைச் செருகிவிட்டுப் போய்விடுவார். மறுநாள் வேலை முடிந்து நான் போய் வரிசையில் நிற்க வேண்டும்.

மணியையே மாற்றிவிடலாம் என்றால் அம்மா விடவில்லை. அது அப்பா மாட்டிய மணி. அதனால் அது இருக்கிற இடத்திலேயே இருக்கட்டும், அதனோடு இன்னொன்றைச் சேர்ப்போம் என்று முடிவு செய்தேன்.

மூடியைக் கழற்றினால் உள்ளே இரண்டு உலோகத் தகடுகள், நடுவில் செப்புக் கம்பிச் சுருள், அதற்குள் ஓடும் ஒரு குச்சி. ஓரமாக இரண்டு பல்லி முட்டை ஓடுகள், குஞ்சுகள் எப்போதோ கிளம்பிவிட்டன. சுவிட்சை அமுக்கும்போது சுருளுக்கு மின்சாரம் வந்து குச்சி ஒரு தகட்டில் இடிக்கிறது: டிங். விரலை எடுத்ததும் ஸ்பிரிங் அதைத் திருப்பித் தள்ள, மற்றத் தகட்டில் இடிக்கிறது: டாங். இத்தனை வருஷம் ‘டாங்’ என்பதும் அமுக்குவதால் வரும் சத்தம் என்றே நினைத்திருந்தேன்.

புதிதாகச் சேர்த்தது இரண்டு சாமான். ஒன்று, தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிய பெட்டி. அதன் இரண்டு கம்பிகளும் அந்தச் சுருளின் இரண்டு முனைகளோடு சேர வேண்டும். யாராவது கேட்டில் அமுக்கும்போது மட்டும் அந்த முனைகளுக்கிடையே மின்னழுத்தம் வரும். பெட்டி அதை உணர்ந்து ரேடியோவில் ஒரு குறியீட்டை அனுப்பும். இரண்டாவது, அந்தக் குறியீடு வந்ததும் பாடுகிற கையடக்க மணி. பேட்டரியில் ஓடும். சமையலறைக்கும் தூக்கிப் போகலாம், துணி காயப்போடும் இடத்துக்கும் தூக்கிப் போகலாம்.

பெட்டியைச் சுவிட்சின் முனைகளில் மாட்டினால் எல்லாம் தலைகீழாகும். அமுக்காதபோதெல்லாம் அங்கே மின்னழுத்தம் இருக்கும், அமுக்கினால் போய்விடும். நான் முதலில் அப்படித்தான் மாட்டி அரை மணி நேரம் முழித்தேன். இன்னொன்று: என் வீட்டு மணி ட்ரான்ஸ்பார்மரில் ஓடுவது. அதில் 8 வோல்ட் என்று எழுதியிருந்தது, மீட்டர் 10க்கு மேல் காட்டியது. சுமை இல்லாதபோது அப்படிக் காட்டுவது இயல்புதான். ஆனால் நம் ஊர்ப் பழைய வீடுகள் சிலவற்றில் வீட்டு மின்சாரமே, அதாவது 240 வோல்ட், நேராகச் சுவிட்சுக்கும் மணிக்கும் போகும். அங்கே இந்தப் பெட்டியை மாட்டினால் பெட்டி போய்விடும், கை வைத்தவருக்கும் ஆபத்து. வயர்மேனைக் கூப்பிடுங்கள். இது கலைச்சொல் குழு, இருந்தாலும் சொல்லிவைக்கிறேன்.

சரி, சொல்லுக்கு வருவோம். பூட்டிய பிறகு அம்மாவுக்காக ஒரு தாளில் நான்கு வரி தமிழில் எழுதி ஃபிரிட்ஜில் ஒட்ட உட்கார்ந்தேன். முதல் வரியிலேயே மாட்டிக்கொண்டேன். பெட்டியைச் ‘செலுத்தி’ என்றும் மணியை ‘வாங்கி’ என்றும் எழுதியிருந்தேன். “வெளியே துணி எடுக்கப் போகும்போது வாங்கி எடுத்துச் செல்லவும்.” அம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்துவிட்டு, “என்னத்தை வாங்கி?” என்றார். ‘வாங்கியை’ என்று ஐ போட்டிருந்தால் தப்பித்திருப்பேனா? எனக்கு நம்பிக்கை இல்லை.

இனி வந்த பரிந்துரைகள்.

> ‘ஒலிபரப்பி’, ‘ஒலிவாங்கி’ என்ற இணையே போதுமே. புதிதாக எதற்கு?

போதாது ஐயா. ஒலிவாங்கி என்றால் நம் நாட்டுத் தமிழில் மைக். கோயில் திருவிழாவில் கையில் பிடித்துக்கொண்டு விடாமல் பேசுவார்களே, அது. அதைவிட முக்கியமான காரணம், இங்கே ஒலி எங்கேயும் போவதே இல்லை. ஹாலில் அடிக்கும் டிங் டாங்கைப் பெட்டி கேட்பதும் இல்லை, அனுப்புவதும் இல்லை. ‘யாரோ அமுக்கினார்கள்’ என்ற ஒரு குறியீடு மட்டும் போகிறது. கையடக்க மணி தனக்குள் இருக்கும் மெட்டுகளில் ஒன்றை எடுத்துப் பாடுகிறது. மணிச் சத்தத்தை மைக்கால் கேட்டு அறிவிக்கிற வகையும் சந்தையில் உண்டு. 240 வோல்ட் மணி வீடுகளுக்கு அது வசதி. ‘ஒலி’ என்ற சொல்லை அதற்காக மிச்சம் வைப்போம்.

> மணியின் எல்லையை நீட்டுவதால் ‘மணிநீட்டி’.

எனக்கும் முதலில் பிடித்தது. ஆனால் மணி என்பதற்கு நேரம் என்றும் பொருள் இருக்கிறதே. பாயான் லெப்பாஸ் ஆலையில் ஓவர்டைம் பார்க்கிற என் தம்பி, “மணியை நீட்டினா ஓ.டி. காசு குடுப்பாங்களா?” என்று கேட்டான். அதோடு அந்தச் சொல்லை விட்டுவிட்டேன். ‘மணிகடத்தி’ சொன்ன நண்பருக்கும் இதே பதில்தான். அறிவியலில் கடத்தி சரி. வீட்டில் சொன்னால் யாரோ நகைக்கடையில் மாட்டிக்கொண்ட மாதிரி இருக்கிறது.

> இடம் மாறுவதால் ‘நகர்மணி’.

இதைப் படித்ததும் ஜார்ஜ்டவுனில் துறைமுகத்துக்குப் பக்கத்தில் நிற்கும் விக்டோரியா மணிக்கூண்டுதான் நினைவுக்கு வந்தது. மகாராணி 60 வருஷம் ஆண்டதற்காக 60 அடி உயரத்தில் கட்டியது. நகர்மணி என்ற பெயர் அதற்குத்தான் பொருந்தும்.

> ‘கம்பியில்லா இடம்பெயர் அழைப்பொலிப்பான்’ என்பதில் எந்தப் பொருளும் விடுபடவில்லை.

விடுபடவில்லைதான். ஆனால் சொல்லி முடிப்பதற்குள் பார்சல்காரர் அடுத்த லோரோங்குக்குப் போயிருப்பார். விளக்கத்தையும் பெயரையும் போட்டுக் குழப்பிக்கொள்கிறோம் என்பது என் பழைய புகார். பெயர் பொருளைச் சுட்டினால் போதும், அதன் ஜாதகத்தையே சொல்ல வேண்டியதில்லை. சிங்கப்பூர் நா. கோவிந்தசாமி தந்த ‘இணையம்’ எதையெல்லாம் சொல்லாமல் விட்டிருக்கிறது என்று பாருங்கள். அதனால்தான் அது வாயில் நின்றது.

கிள்ளானிலிருந்து அக்கா எழுதியது தனியாகப் பேச வேண்டியது. வாசல் மணிக்கு ‘கடைமணி’ என்ற சொல்லைச் சிலப்பதிகாரத்திலிருந்து எடுத்துக் காட்டியிருந்தார். வழக்குரை காதையில் கண்ணகி பாண்டியனிடம் சொல்வது: “வாயிற் கடைமணி நடுநா நடுங்க.” பசு வந்து சோழனின் அரண்மனை வாசல் மணியை அடித்த கதை. அழைப்பு மணி என்பதெல்லாம் பின்னால் வந்தது, வாசலில் மணி கட்டி உள்ளே இருப்பவரைக் கூப்பிடும் வழக்கத்துக்கு நம்மிடம் அவ்வளவு பழைய சொல் இருக்கிறது என்று படித்தபோது கொஞ்சம் நிமிர்ந்து உட்கார்ந்தேன். அடுத்த அடியிலேயே “ஆவின் கடைமணி உகுநீர்” என்று அதே சொல் பசுவின் கடைக்கண் மணிக்கு வருகிறது. என்ன விளையாட்டு! ஆனால் இன்று கடை என்றால் கடைதான். கடைமணி என்று எழுதினால் ஹார்ட்வேர் கடைக் கதவில் தொங்கும் மணி என்றே எடுத்துக்கொள்வார்கள். மனசில்லாமல்தான் மறுக்கிறேன்.

‘தொலைமணி’க்கு நான்கு பேர் ஆதரவு. எனக்கு ஒரு தடை உண்டு. மின்மணி என்பதே தொலைவில் அடிக்கிற மணிதான். 1831இல் அமெரிக்க இயற்பியலாளர் ஜோசப் ஹென்றி ஒரு மைலுக்கு மேல் நீண்ட கம்பியின் மறுமுனையில் மணியை அடித்துக் காட்டினார். தொலைவு அன்றைக்கே வந்துவிட்டது. என் ஹால் மணியும் கேட்டிலிருந்து பார்த்தால் தொலைமணிதான். இந்தக் கையடக்க மணியை வேறுபடுத்துவது தொலைவு இல்லை. இது இன்னொரு மணியைச் சார்ந்து இருக்கிறது. அது விழித்தால் இதுவும் குரல் கொடுக்கும்.

இதை யோசித்துக்கொண்டிருந்தபோது அம்மா பின்னாலிருந்து, “அந்தக் குட்டி பெல்லை எங்கடா வெச்சே?” என்று கேட்டார். வாங்கிய நாளிலிருந்து அவர் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருக்கிறார். அன்றைக்குத்தான் என் காதில் விழுந்தது. குட்டி என்றால் சின்னது மட்டுமா? ஆட்டுக்குட்டிக்கு ஓர் ஆடு இருக்கிறது.

ஆகவே என் பரிந்துரை: சுவரில் இருப்பது தாய்மணி, கையில் தூக்குவது சேய்மணி.

தாய்ப்பலகை (மதர்போர்டு) ஏற்கனவே கணினியில் புழங்குகிறது, எனவே ‘தாய்’ புதிதில்லை. ‘சேய்’ பேச்சில் இல்லை என்பீர்கள். ஆனால் தாயும் சேயும் நலம் என்ற தொடர் தெரியாத தமிழ் வீடு கிடையாது. அதோடு சேய்மை என்றால் தொலைவு. தொலைமணிக்காரர்கள் கேட்டதும் உள்ளேயே இருக்கிறது, கூடுதல் செலவில்லை. ஒரு பெட்டியோடு இரண்டு மூன்று கையடக்க மணிகளை இணைக்கலாம். மாடிக்கு ஒன்று, சமையலறைக்கு ஒன்று. ஒரு தாய்க்குப் பல சேய், கணக்கும் சரியாக வருகிறது. சேய் என்பது முருகனுக்கும் பெயர், எங்கள் ஊர்த் தண்ணீர்மலைக் கோயில்காரர் கோபித்துக்கொள்ள மாட்டார்.

ஒரு கேள்வியை நானே கேட்டுவிடுகிறேன். சுவர் மணியே இல்லாமல், சுவிட்சும் மணியும் இரண்டுமே கம்பியில்லாமல் விற்கிறார்களே, அதில் தாய் எங்கே? அதில் தாய் இல்லை, ஆகவே அது சேய்மணியும் இல்லை. அது கம்பியில்லா அழைப்பு மணி, அவ்வளவுதான். ஏற்கனவே இருக்கும் மணியிலிருந்து கிளைத்தால் மட்டும் சேய்மணி.

அந்தப் பெட்டிக்கு என்ன பெயர்? இதில் நான் அவ்வளவு உறுதியாக இல்லை. வானொலியில் ஒரு நிலையத்தின் நிகழ்ச்சியை இன்னொன்று எடுத்துத் தருவதை ‘அஞ்சல் செய்வது’ என்பார்கள். இந்தப் பெட்டி செய்வதும் அதுவே. ஆனால் செய்வது எதுவோ அதற்கு இகரம் சேர்க்கும் நம் வழக்கப்படி போனால் ‘மணியஞ்சலி’ ஆகிவிடும். மணி என்ற பெயரில் எனக்கு இரண்டு மாமா இருக்கிறார்கள், இருவரும் நன்றாகவே இருக்கிறார்கள். அதனால் இப்போதைக்கு ‘மணித்தூது’ என்று வைத்திருக்கிறேன். சத்தத்தைச் சுமக்காமல் சேதியை மட்டும் சுமப்பது தூதுதானே. கிளியையும் மேகத்தையும் தூது விட்ட மொழியில் இந்தப் பெட்டி வேற்றாள் இல்லை. கொஞ்சம் சிற்றிலக்கியத் தலைப்பு மாதிரி ஒலிக்கிறது என்று யாராவது சொன்னால் மறுக்க மாட்டேன். இதைவிட நல்லது இருந்தால் கொடுங்கள்.

சேய்மணிக்கு ஒரே ஒரு போட்டியை நான் உண்மையாகவே அஞ்சுகிறேன், ‘குட்டிமணி’. வாயில் தானாக வருகிறது, எல்லாருக்கும் புரிகிறது. செல்லப்பெயர் போல இருக்கிறது என்பதைத் தவிர எனக்கு வாதம் இல்லை. வாக்கெடுப்பில் அது ஜெயித்தால் நானே முதலில் புழங்குவேன்.

ஃபிரிட்ஜ் தாள் இப்போது இப்படி இருக்கிறது:

சேய்மணியைப் போகிற இடத்துக்கெல்லாம் கூடவே எடுத்துப் போகவும்.
பாட்டு கேட்டால் கேட்டில் ஆள்.
தாய்மணி அடித்தும் சேய்மணி பாடாவிட்டால் முதலில் சேய்மணியின் பேட்டரியைப் பார்க்கவும்.
அப்போதும் பாடாவிட்டால் மணித்தூதைத் தொட வேண்டாம், எனக்கு போன் போடவும்.

அம்மா ஒரு தடவை படித்தார், எதுவும் கேட்கவில்லை. மூன்றாவது வரியில் ‘பாடாவிட்டால்’ சரியா, ‘ஒலிக்காவிட்டால்’ சரியா என்று மட்டும் சொல்லுங்கள். வெள்ளிக்கிழமை லேமினேட் செய்யக் கொடுக்கப்போகிறேன்.