மலேசியாவில் பட்டப்படிப்பு: விசா இல்லாமல் போய் அங்கேயே சேர முடியுமா?

திருச்சிக்காரன்:

வணக்கம். தங்கை பிளஸ் டூ முடித்திருக்கிறாள். மலேசியாவில் கணினி அறிவியல் படிக்க வைக்கலாம் என்று வீட்டில் பேச்சு. விசாரித்த கன்சல்டன்சியில், "இந்தியர்களுக்கு 30 நாள் விசாவே வேண்டாம். டிக்கெட் போட்டுப் போங்கள், கல்லூரி பிடித்திருந்தால் அங்கேயே ஸ்டூடண்ட் பாஸாக (மாணவர் தங்கிப் படிக்கும் அனுமதி) மாற்றிக்கொள்ளலாம்" என்கிறார்கள். இது நடக்குமா? கட்டணம் போக மாதம் எவ்வளவு ஆகும்? பகுதி நேர வேலை பார்த்து சாப்பாட்டுச் செலவையாவது சமாளிக்க முடியுமா? அங்கே எம்பிபிஎஸ் சீட்டும் சுலபம் என்று சித்தப்பா சொல்கிறார். அதையும் சேர்த்தே கேட்டுவிடுகிறேன்.

பினாங்குத்தமிழ்:

நடக்காது தம்பி. 2023 டிசம்பர் முதல் இந்தியர்களுக்கு இருக்கிற விசா விலக்கு, ஊர் சுற்ற, உறவினரைப் பார்க்க வருகிறவர்களுக்கு. அந்த முத்திரையோடு வகுப்பில் உட்காரக் கூடாது. 30 நாள் தாண்டினால் அபராதம், கறுப்புப் பட்டியல் என்று போய்விடும். அப்படிச் சொல்லிப் பணம் வாங்கும் ஏஜென்டிடம் வேறெதையும் கேட்க வேண்டாம், எழுந்து வந்துவிடுங்கள்.

சரியான வழி இது. முதலில் கல்லூரியிலிருந்து ஆஃபர் லெட்டர். அதை வைத்து கல்லூரி வழியாகவோ நேரடியாகவோ இஎம்ஜிஎஸ் தளத்தில் விண்ணப்பம். வெளிநாட்டு மாணவர் விண்ணப்பங்களைக் கையாளும் அமைப்பு அதுதான். குடிநுழைவுத் துறை (இமிகிரேஷன்) ஒப்புதல் தந்ததும் இ-விஏஎல் என்ற ஒப்புதல் கடிதம் வரும். அதைக் காட்டி ஒற்றை நுழைவு விசா எடுத்த பிறகுதான் விமானம் ஏற வேண்டும். விண்ணப்பம் ஓடிக்கொண்டிருக்கும்போது தங்கை இந்தியாவிலேயே இருக்கட்டும்.

தாமதம் பெரும்பாலும் சின்ன விஷயத்தில்தான். பாஸ்போர்ட்டில் போட்டோ இருக்கிற பக்கத்தை மட்டும் ஸ்கேன் செய்து அனுப்புவார்கள். வெற்றுப் பக்கம் உட்பட எல்லாப் பக்கமும் வேண்டும். படம் 35 x 45 மில்லிமீட்டர், வெள்ளைப் பின்னணி, கண்ணாடி போடாமல். நீலப் பின்னணியில் ஏற்கெனவே எடுத்த படம் கிடக்கிறதே என்று அதை அனுப்பினால் திரும்பி வரும், வரிசையில் மறுபடியும் பின்னால் நிற்க வேண்டும்.

பயணத்துக்கு முந்தைய 3 நாளுக்குள் டிஜிட்டல் வருகை அட்டையை நிரப்ப வேண்டும். அது இலவசம். பணம் கேட்டால் போலித் தளம். விமான நிலையத்தில் கல்லூரி ஆள் வந்து குடிநுழைவு கவுண்டரில் அழைத்துக்கொள்வார். அதனால் விமான எண்ணையும் நேரத்தையும் முன்கூட்டியே கல்லூரிக்கு அனுப்புங்கள். ஆள் வராவிட்டால் அங்கேயே காத்துக் கிடக்க வேண்டியதுதான். வந்த 7 நாளுக்குள் அவர்கள் சொல்லும் கிளினிக்கில் மார்பு எக்ஸ்ரே, ரத்தம், சிறுநீர்ப் பரிசோதனை. அதன் பிறகே ஸ்டூடண்ட் பாஸ். அது கைக்கு வரும்வரை சிங்கப்பூருக்குக்கூடப் போகக் கூடாது. வந்த விசா ஒரே ஒரு நுழைவுக்கானது.

வேலை: செமஸ்டர் விடுமுறையிலும் 7 நாளுக்கு மேல் நீளும் விடுமுறையிலும்தான், வாரம் 20 மணி நேரம் வரை, அதுவும் கல்லூரி மூலம் குடிநுழைவுத் துறை அனுமதி வாங்கி. உணவகம், பெட்ரோல் நிலையம், மினி மார்க்கெட், ஹோட்டல் இவ்வளவுதான். அங்கேயும் கல்லாவில் உட்காரக் கூடாது. சாப்பாட்டுச் செலவை இதை நம்பி பட்ஜெட்டில் எழுதாதீர்கள்.

கணக்குப்பிள்ளை:

செலவுப் பக்கம் நான் சொல்கிறேன். ஒரு ரிங்கிட் (மலேசிய நாணயம்) 20 ரூபாய்க்கு மேல் என்று வைத்துக்கொள்ளுங்கள். நடுத்தரத் தனியார் கல்லூரிகளில் கணினி அறிவியல் ஆண்டுக்குச் சுமார் 20,000 முதல் 40,000 ரிங்கிட். மோனாஷ், நாட்டிங்ஹாம் மாதிரி வெளிநாட்டுப் பல்கலைக்கழகக் கிளைகள் அதற்கும் மேலே. "மலேசியா மலிவு" என்கிற பேச்சு வாழ்க்கைச் செலவுக்குப் பொருந்தும், எல்லாக் கட்டணத்துக்கும் பொருந்தாது.

கோலாலம்பூர் பக்கம் தனி அறை மாதம் 500 முதல் 900 ரிங்கிட். மாமாக் கடையில் (இந்திய முஸ்லிம் உணவகம்) ரொட்டி சானாயும் (பரோட்டா மாதிரி) தே தாரிக்கும் (ஆற்றிய பால் டீ) 4 ரிங்கிட்டில் முடியும். சோறும் பிடித்த கறிகளும் சேர்ந்த ஒரு தட்டு 8 முதல் 12. ஓரளவு சமைத்தும் சாப்பிட்டால் எல்லாம் சேர்த்து மாதம் 1,500 முதல் 2,000 ரிங்கிட்டில் ஓட்டலாம்.

எல்லோரும் தடுமாறுவது முன்பணத்தில். முழு வீடு எடுத்தால் இரண்டு மாத வாடகை டெபாசிட், அரை மாதம் கரண்ட்-தண்ணீர் டெபாசிட், ஒரு மாத முன்வாடகை. 1,800 ரிங்கிட் வீட்டுக்குச் சாவி வாங்கும் அன்றே 3,600 + 900 + 1,800, ஆக 6,300. நான்கு பேர் பகிர்ந்தாலும் ஆளுக்கு 1,575. ஒப்பந்தத்துக்கு முத்திரை வரி கட்டியிருக்கிறதா என்று பாருங்கள். முத்திரையில்லாத தாளை வைத்து டெபாசிட்டைத் திரும்பக் கேட்டு வழக்குப் போடுவது கஷ்டம். அறையில் ஏசிக்குத் தனி மீட்டர் இருந்தால் யூனிட்டுக்கு எவ்வளவு என்று முதலிலேயே கேளுங்கள். வாடகையைக் குறைத்துவிட்டு அதில் எடுத்துக்கொள்கிற வீட்டுக்காரர்கள் உண்டு.

இடமும் முக்கியம். யூகேஎம் (மலேசிய தேசியப் பல்கலைக்கழகம்) இருக்கிற பாங்கியில் வாடகை குறைவு, கேடிஎம் ரயிலும் உண்டு. சன்வே பக்கம் வாடகை அதிகம், ஆனால் பிஆர்டி பஸ் வாசலுக்கே வரும். செமினி மாதிரி ஒதுக்குப்புற வளாகங்களில் கிராப் (செயலி டாக்ஸி) செலவையும் வாடகையோடு கூட்டிப் பாருங்கள். மாதம் 50 ரிங்கிட்டுக்கு எங்கும் போகலாம் என்கிற மை50 பாஸ் மலேசியக் குடிமக்களுக்கு மட்டும்.

வங்கிக் கணக்கு தொடங்க ஸ்டூடண்ட் பாஸும் கல்லூரிக் கடிதமும் கேட்பார்கள். முதல் மாதத்துக்கு ஃபாரெக்ஸ் கார்டு (இந்தியாவிலேயே வெளிநாட்டுப் பணம் ஏற்றி எடுத்துப்போகும் அட்டை) வேண்டும்.

பட்டச்சான்று:

கல்லூரியைத் தேர்ந்தெடுக்கும் முன் எம்கியூஏ (மலேசியாவில் படிப்புகளுக்கு அங்கீகாரம் தரும் அரசு அமைப்பு) பதிவேட்டில் அந்தப் படிப்பின் பெயரைத் தேடுங்கள். கல்லூரி பெயர் மட்டும் இருந்தால் போதாது, அந்தப் படிப்பே இருக்க வேண்டும். படிப்பின் அங்கீகார எண்ணில் எஃப்ஏ என்றிருந்தால் முழு அங்கீகாரம், பிஏ என்றிருந்தால் தற்காலிகம். வெளிநாட்டு மாணவரைச் சேர்க்க உள்துறை அமைச்சின் அனுமதி கல்லூரிக்கு இருக்கிறதா என்றும் கேளுங்கள்.

"3+0" என்றொரு வகை உண்டு. மூன்று வருடமும் மலேசியக் கல்லூரியில் படிப்பு, பட்டம் மட்டும் பிரிட்டன் பல்கலைக்கழகத்துடையது. விளம்பரத்துக்கு அழகாக இருக்கும். ஆனால் இப்படி ஃபிரான்சைஸ் முறையில் நடக்கும் படிப்புகளுக்குச் சமநிலைச் சான்று (இந்தியப் பட்டத்துக்கு இணையானது என்ற சான்று) கிடையாது என்று யுஜிசியின் 2025 விதிமுறை சொல்கிறது. நாளை இங்கே அரசு வேலை, முதுகலை என்று வந்தால் இடிக்கும். பட்டம் யார் தருவது, எந்த ஏற்பாட்டில் என்று கல்லூரியிடம் எழுத்தில் வாங்குங்கள்.

எம்பிபிஎஸ்: சித்தப்பாவிடம் மெதுவாகச் சொல்லிவிடுங்கள். நீட் தேறாமல் போனால் இங்கே டாக்டராகப் பதிவு செய்ய முடியாது. என்எம்சியின் (இந்தியாவின் தேசிய மருத்துவ ஆணையம்) 2021 விதிப்படி குறைந்தது 54 மாதப் படிப்பு, அதே வெளிநாட்டு நிறுவனத்தில் 12 மாதப் பயிற்சி, அந்த நாட்டிலேயே மருத்துவராகத் தொழில் செய்யும் தகுதி எல்லாம் வேண்டும். மலேசியாவில் படிப்பு 5 வருடம், அது சரி. பிறகு வரும் ஹவுஸ்மேன் பயிற்சி 2 வருடம், அரசு மருத்துவமனையில். உள்ளூர்ப் பிள்ளைகளே அந்த இடத்துக்கு வரிசையில் நிற்கிறார்கள். அந்த இடம் கிடைக்கும் என்று கல்லூரி எழுதித் தராதவரை பணம் கட்ட வேண்டாம்.

திருச்சிக்காரன்:

மூவருக்கும் நன்றி. விண்ணப்பிக்கும் முன் 30 நாள் விலக்கில் தங்கையோடு போய் வளாகங்களைப் பார்த்து வருவதில் தவறில்லையே? ஒரு கல்லூரியில் சேர்ந்து பிடிக்காவிட்டால் மாற முடியுமா?

பினாங்குத்தமிழ்:

பார்த்துவிட்டுப் போவதில் தவறே இல்லை. அதுதான் நல்லதும். திரும்பும் டிக்கெட், தங்குமிட முன்பதிவு, செலவுக்குப் பணம் இருப்பதற்கான ஆதாரம் மூன்றையும் அச்செடுத்து வைத்துக்கொள்ளுங்கள். கவுண்டரில் கேட்டால் கல்லூரி பார்க்க வந்தோம், இன்ன தேதியில் திரும்புகிறோம் என்று உள்ளதைச் சொல்லலாம். மூட்டை முடிச்சோடு சர்டிபிகேட் ஒரிஜினலையும் தூக்கி வந்தால்தான் கேள்வி வரும்.

சீனப் புத்தாண்டு, நோன்புப் பெருநாள் வாரங்களில் வராதீர்கள். வளாகம் காலியாக இருக்கும், அலுவலகமும் பாதி மூடியிருக்கும். வகுப்பு நடக்கும் நாளில் வந்து, விளம்பர ஆளை விட்டுவிட்டு இரண்டாம் வருடப் பிள்ளைகளிடம் லேப் எப்படி, ஹாஸ்டலில் இடம் கிடைக்கிறதா என்று கேளுங்கள். பாஸ் புதுப்பிக்க 80 சதவீத வருகையும் 2.0 சிஜிபிஏவும் (மதிப்பெண் சராசரி) வேண்டும், அதில் இந்தக் கல்லூரி எவ்வளவு கறார் என்றும் அவர்களுக்குத்தான் தெரியும்.

மாறுவது முடியும், ஆனால் பாடு அதிகம். ஸ்டூடண்ட் பாஸ் அந்தக் கல்லூரியோடு கட்டுப்பட்டது. பழைய கல்லூரி விடுவிப்புக் கடிதம் தர வேண்டும், பாஸை ரத்து செய்ய வேண்டும், புதுக் கல்லூரி வழியாக மறுபடி விண்ணப்பம். கட்டிய பணம் திரும்ப வருமா என்பது கல்லூரிக்குக் கல்லூரி மாறும். இ-விஏஎல் மறுக்கப்பட்டால் எவ்வளவு திரும்பும், பாதியில் விலகினால் எவ்வளவு என்று இரண்டையும் முன்பணம் கட்டும் முன்பே மின்னஞ்சலில் கேட்டு வாங்கி வையுங்கள்.