லாஃப்ட் அறைக்கான படிக்கட்டுத் திறப்பு: ஆலோசனை தேவை

அனைவருக்கும் வணக்கம். இலண்டனில் 1930களில் கட்டப்பட்ட எங்கள் வீட்டின் கூரையடியை அறையாக மாற்றுகிறோம். படிக்கட்டுக்கான திறப்பை எங்கே வெட்டுவது என்பதில்தான் முடிவெடுக்க முடியாமல் நிற்கிறோம்.

தளத்துக்குத் தளம் உயரம் 2,700 மி.மீ. பதின்மூன்று ஏற்றங்களாக (ஒரு படிக்கும் அடுத்த படிக்கும் இடையிலான உயரம்) பிரித்தால் ஒவ்வொன்றும் ஏறத்தாழ 208 மி.மீ. வருகிறது, சாய்வு 42 பாகையைத் தாண்டாதிருக்க, மிதிபலகைக்கு 235 மி.மீ. கொடுத்திருக்கிறேன். ஆகவே இடையில் வரும் பன்னிரண்டு மிதிபலகைகளுக்குப் படிக்கட்டின் கிடைநீளம் 2,820 மி.மீ. ஆகிறது. பழைய படிக்கட்டுக்கு நேர்மேலே வைத்தால் படுக்கையறையில் இடம் போகாது, ஆனால் பக்கக்கூரை அங்கேதான் சரிந்து இறங்குகிறது. மேற்படியிலிருந்து கூரை வரை அளவுநாடா பிடித்துப் பார்த்தேன்: படியின் நடுவில் 1.86 மீட்டர், ஓரத்தில் 1.72 மீட்டர். லாஃப்ட் மாற்றத்துக்கு இங்கிலாந்தின் கட்டட விதி தலைக்கு மேலான உயரத்தில் தரும் சலுகையே நடுவில் 1.9, ஓரத்தில் 1.8 மீட்டர்தான்.

படிக்கட்டைத் திருப்பி முகட்டை நோக்கி ஏறவிட்டால் உயரம் கிடைக்கும். ஆனால் தளத்தைத் தாங்கும் ஐந்தாறு குறுக்குக் கட்டைகளை அறுத்து, திறப்பைச் சுற்றி இரட்டைக் கட்டை கொடுக்க வேண்டும். என் அம்மாவுக்கு முழங்கால் வலி என்பதால், முக்கோணத் திருப்பப் படிகளை வைக்க எனக்கு மனமில்லை.

இத்தகைய சரிவுக்கூரை வீட்டில் வேலை செய்தவர்கள், படிக்கு மேலே கூரையை உயர்த்தினீர்களா, திறப்பை நகர்த்தினீர்களா? கட்டைகளை அறுக்கும் முன் தற்காலிக முட்டு எப்படிக் கொடுத்தீர்கள் என்பதையும் தயவுசெய்து சொல்லுங்கள்.