மறுமொழி: குழுவுக்குச் சொந்தமான முகிற் சேமிப்பிடத்துக்கு ஒரு பெயர் – ‘குழுப்பேழை’

அன்பின் நண்பர்களுக்கு,

நம் கணினிக் கைந்நூலில், முகிலில் (அதாவது இணையவழிச் சேமிப்பிடத்தில்) பலர் சேர்ந்து கோப்புகளை வைக்கும் இடத்தைத் தமிழில் எப்படி அழைப்பது என்ற கேள்விக்கு, ‘பகிரப்பட்ட கோப்புறை’ என்ற ஒரே சொல்லோடு முடித்துவிடலாம் என்று பலர் எழுதியிருக்கிறீர்கள். எனக்கு உடன்பாடில்லை. இங்கே இருப்பது இரண்டு வேறு பொருட்கள். ஒன்று தனி ஆளுக்குச் சொந்தமானது, அவர் மற்றவர்களுக்குத் திறந்துவிடுகிறார். மற்றது எந்தத் தனி ஆளுக்கும் சொந்தமில்லாதது, நிறுவனமே வைத்திருப்பது. இரண்டையும் ஒரே பெயரால் அழைத்தால், நம் கைந்நூலை நம்பி வேலை செய்பவர்தான் கோப்புகளை இழப்பார்.

கூகுள் ட்ரைவைப் பாருங்கள். இலவசக் கணக்கில் நான் ஒரு கோப்புறையைத் திறந்து உங்களைச் சேர்க்கிறேன். அதில் நீங்கள் ஏற்றும் படம் உங்களுக்கே சொந்தம். அது இடம் பிடிப்பதும் உங்கள் 15 ஜிபியில்தான், அதுவும் ஜிமெயிலுக்கும் சேர்த்துத் தந்த 15 ஜிபி. நான் எழுதிய ஆவணம் எனக்குச் சொந்தம். நாளை நான் கணக்கை மூடினால், அந்த ஆவணம் உங்கள் எல்லோருக்கும் இல்லாமல் போகும். திரையில் எல்லாம் ஒரே கோப்புறைக்குள் ஒன்றாகத் தெரிவதால் இந்த வேறுபாடு யாருக்கும் உறைப்பதில்லை.

இதற்கு மாற்றாகத்தான் கூகுள் 2017இல் ‘டீம் ட்ரைவ்’ என்பதைக் கொண்டுவந்தது. 2019இல் பெயரை ‘ஷெயார்ட் ட்ரைவ்’ என்று மாற்றினார்கள். என் பார்வையில் குழப்பம் தொடங்கிய இடம் அதுதான். பழைய பெயரில் குழு இருந்தது, புதிய பெயரில் பகிர்தல் மட்டும் மிஞ்சியது. ஆனால் பொருள் மாறவில்லை. அதற்குள் போகும் கோப்பு நிறுவனத்துக்கு உரியது, ஏற்றியவர் வேலையை விட்டுப் போனாலும் அங்கேயே இருக்கும். நிறுவனங்களுக்கும் கல்விக்கூடங்களுக்குமான கணக்குகளில்தான் இதை உருவாக்கலாம், தனியாளின் இலவசக் கணக்கில் முடியாது. நாம் ஆங்கிலப் பெயரின் பின்னால் போகாமல் பொருளின் பின்னால் போவோம்.

மைக்ரோசொப்டிலும் இதே பிரிவு உண்டு, இன்னும் மறைவாக. டீம்ஸ் என்ற குழு உரையாடல் செயலியில், குழு முழுவதற்குமான ஒரு சனலில் இடும் கோப்பு, நிறுவனத்தின் கோப்புத் தளமான ஷெயார்பொயின்டில், குழுவின் இடத்தில் போய்ச் சேரும். அதே செயலியில் தனி அரட்டையில் அனுப்பும் கோப்பு அனுப்பியவரின் சொந்தச் சேமிப்பிடமான ஒன்ட்ரைவில் இருக்கும். அவருடைய கணக்கை நீக்கினால், நிர்வாகி வேறு ஏற்பாடு செய்யாவிட்டால், 30 நாளில் அந்த ஒன்ட்ரைவும் நீக்கப்படும். ஒரே சாளரம், இரண்டு விதி!

வெள்ளவத்தையில் எங்களுக்குத் தெரிந்த ஒரு சிறு சஞ்சிகைக் குழுவுக்கு இது நடந்தது. பக்கங்களை வடிவமைத்த தம்பி தன் அலுவலகக் கணக்கிலேயே கோப்புறையைத் திறந்திருந்தார். கனடாவுக்குப் போனார், அலுவலகம் வழமைபோலக் கணக்கை மூடியது. கோப்புறையில் ‘எல்லோருக்கும் அனுமதி’ இருக்கிறதே என்று குழு நம்பிக்கொண்டிருந்தது. மிஞ்சியது அச்சுக்கு அனுப்பிய பிடிஎஃப் மட்டும், அதுவும் பாமினி எழுத்துருவில். அது ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்களை வைத்த பழைய எழுத்துரு, பிரதி எடுத்து ஒட்டினால் வருவது வெறும் ஆங்கில எழுத்துக் குவியல். யுனிகோடுக்கு மாற்றி, வரிக்கு வரி சரிபார்த்து, மெய்ப்புப் பார்த்தவர்கள் பட்ட பாடு பெரிது. யாரையும் குறை சொல்ல முடியாது. அந்த இடம் யாருடையது என்று முதல் நாளே கேட்கத் தோன்றியிருந்தால் இது நடந்திருக்காது. பெயர் அந்தக் கேள்வியைத் தூண்ட வேண்டும் என்பதுதான் என் வாதம்.

சரி, சொற்களுக்கு வருவோம்.

தனி ஆளுக்குச் சொந்தமான முதலாவதற்குப் ‘பகிர்கோப்புறை’ போதும். ஊறுகாய், சுடுநீர் போல வினைத்தொகை. ‘பகிரப்பட்ட’ என்ற நீளமும் இல்லை. தயவுசெய்து நடுவில் ‘க்’ போட வேண்டாம், வினைத்தொகையில் வல்லினம் மிகாது.

நிறுவனத்துக்குச் சொந்தமான இரண்டாவதற்கு வந்த முன்மொழிவுகளில், ‘ட்ரைவ்’ என்பதை அப்படியே பெயர்த்த ‘குழு இயக்ககம்’ எனக்கு ஒத்துவரவில்லை. இயக்கி, இயக்ககம் என்று ஏற்கெனவே கணினியில் பல பொருளுக்கு ஓடுகிற சொல். அதைவிட, இலங்கையில் ‘இயக்கம்’ என்ற சொல் சுமந்துவந்த வரலாறு நம் எல்லோருக்கும் தெரியும். அலுவலகக் கணினியில் அந்தப் பெயரை வைக்கச் சொல்ல எனக்கு மனமில்லை.

‘பொதுக் கோப்புறை’யும் ஆபத்து. இணையத்தில் யாரும் பார்க்கலாம் என்றே படிப்பவர் எடுத்துக்கொள்வார். சம்பள விபரங்களைப் பொதுக் கோப்புறையில் வையுங்கள் என்று எழுதினால் கணக்காளர் பதறுவார்.

யாழ்ப்பாணத்து அண்ணை சொன்ன ‘பங்குக் கோப்புறை’ அழகான சொல். ஆனால் பலர் சேர்ந்து வைத்திருக்கும் பங்குக் கிணற்றில் ஒவ்வொருவருக்கும் காணி உறுதியில் எழுதிய பங்கு உண்டு, விற்கலாம், சீதனமாகவும் கொடுக்கலாம். இங்கே உறுப்பினருக்கு அப்படி எந்தப் பங்கும் இல்லை, அனுமதி மட்டுமே உண்டு. சொந்தக்காரர் நிறுவனம்.

ஆகவே ‘குழுப்பேழை’ என்று முன்மொழிகிறேன். பேழை என்றால் பெட்டி. ஒலிப்பேழை, ஒளிப்பேழை என்று கேட்டுப் பழகிய சொல், புதிதாகக் கற்க வேண்டியதில்லை. கோப்புறையைவிடப் பெரியது, உள்ளே கோப்புறைகள் இருக்கும் என்ற எண்ணமும் தானாக வருகிறது. ‘குழுவகம்’ என்றால் ஆட்கள் கூடும் இடம்போலத் தோன்றுகிறது.

வாக்கியத்தில் வைத்துப் பார்த்தேன்: ‘இறுதிப் பிரதியைப் பகிர்கோப்புறையில் விட்டுவைக்காமல் குழுப்பேழைக்கு நகர்த்துங்கள்.’ இடறவில்லை. கூகுளின் ஷெயார்ட் ட்ரைவில் உள்ள உறுப்பினர் நிலைகளும் எளிதாகப் பொருந்துகின்றன. பேழைப் பங்களிப்பாளர் கோப்புகளைச் சேர்க்கலாம், திருத்தலாம், நீக்க முடியாது. உள்ளடக்க முகாமையாளர் குப்பைத்தொட்டிக்கு அனுப்பலாம். அங்கே போனது 30 நாளில் தானாக அழியும், அதற்கு முன்பே நிரந்தரமாக அழிப்பது முகாமையாளர் கையில். தமிழ்நாட்டு நண்பர்கள் ‘மேலாளர்’ என்று எழுதட்டும், அதில் பிரச்சினை இல்லை. முகிலா மேகமா என்பதும் அப்படியே.

ட்றொப்பொக்ஸ் என்ற முகிற் சேமிப்புச் சேவை மட்டும் இன்னும் உறுத்துகிறது. அங்கே தனியாள் கணக்குகளில் பகிர்கோப்புறையின் அளவு, அதில் சேர்ந்த ஒவ்வொருவரின் ஒதுக்கீட்டிலும் முழுதாகக் கழியும். அதற்குத் தனிச் சொல் தேவையில்லை, கைந்நூலில் ஒரு குறிப்புப் போதும் என்று நினைக்கிறேன். மாற்றுக் கருத்து இருந்தால் அதையும், ‘குழுப்பேழை’ எந்த வாக்கியத்தில் உங்களுக்கு இடறுகிறது என்பதையும், அந்த வாக்கியத்தோடு எழுதுங்கள்.

அன்புடன்,
வெள்ளவத்தை, கொழும்பு 6